கவுன்சிலிங்குக்குக் கூட இன்சார்ஜ் கையெழுத்து: கோவிட் ஐசியூ நர்ஸா நான் பட்டது

இதை எழுதணும்னு ரொம்ப நாளா நினைச்சுட்டு இருக்கேன், கோபம் அடங்கட்டும்னு தள்ளிப் போட்டுட்டே வந்தேன், அடங்கல, அதனால எழுதிடறேன். கோவிட் உச்சத்துல இருந்தப்போ ஐசியூல ஸ்டாஃப் நர்ஸா இருந்தேன். மனசுக்கு உதவி தேவைப்பட்டுச்சு, கேட்டேன், கடைசில கெடைச்சுது. ஆனா அதுக்கு நடுவுல அலைய விட்டாங்க பாருங்க, அதைத்தான் சொல்ல வந்தேன், ஏன்னா அடுத்த தொற்று வந்தாலும் ஆஸ்பத்திரிகள்ல இதே ஃபாரம்தான் நீட்டுவாங்கன்னு எனக்குத் தோணுது.

பிபிஇ கிட்டுன்னு சொல்ற அந்தப் பாதுகாப்பு உடைக்குள்ள மணிக்கணக்கா தண்ணி இல்லாம, பாத்ரூம் போகாம நின்னதெல்லாம் எல்லாரும் பட்டதுதான், அது உடம்பு அலுப்பு, தூங்கினா போயிடும். என்னால தூங்கவே முடியலங்கறதுதான் பிரச்சனை. கண்ணை மூடினா மானிட்டர் சத்தம். சாச்சுரேஷன், அதாவது ரத்தத்துல ஆக்சிஜன் அளவு, இறங்க இறங்க அந்த பீப் சத்தமும் கீழ இறங்கிட்டே போகும்ல, அது வீட்ல படுத்திருக்கறப்பவும் கேட்கும். குடும்பத்தை உள்ள விடாத நேரம் அது, கடைசி நேரத்துல வீடியோ கால் போட்டு போனைப் பிடிச்சுட்டு நிக்கறது நாங்கதான். அந்தப் பக்கம் பிள்ளைங்க அழறதை, மன்னிப்பு கேட்கறதை எல்லாம் நின்னு கேட்டுட்டு, போனைக் கட் பண்ணிட்டு, கிளவுஸ் மாத்திட்டு அடுத்த பெட்டுக்குப் போகணும். ஒரு கட்டத்துல அழுகையே வரல. ஒருத்தர் இறந்துட்டார்னா பெட் காலியாச்சுன்னு முதல்ல தோண ஆரம்பிச்சுது. அப்பதான் எனக்கு பயம் வந்துச்சு.

சரி, ஆஸ்பத்திரி என்ன பண்ணுச்சு? முதல்ல ஒரு ஸ்க்ரீனிங். பிஹெச்க்யூ-9னு டிப்ரஷன் இருக்கான்னு பார்க்கற ஒரு படிவம், நிறைய பேருக்குத் தெரிஞ்சிருக்கும், கடந்த 2 வாரத்துல எப்படி இருந்தீங்கன்னு 9 கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. 10 இல்ல அதுக்கு மேல வந்தா கவனிக்கணும்னு அர்த்தம். நல்ல படிவம்தான், தப்பு அதுல இல்ல. பேர், எம்ப்ளாயி நம்பர் எல்லாம் எழுதச் சொல்லி, வார்டு இன்சார்ஜ் கையிலேயே திருப்பிக் கொடுக்கச் சொன்னாங்க! ஒன்பதாவது கேள்வி சாகணும்னு தோணுதாங்கறது. அதுக்கு உங்க ரோஸ்டர், அதாவது டியூட்டி பட்டியல், போடறவங்க முன்னாடி நீங்க என்ன எழுதுவீங்க? வார்டே வரிசையா 0 போட்டுக் கொடுத்துச்சு. கொஞ்ச நாள்ல நம்ம ஸ்டாஃப் எல்லாம் மன உறுதியோட இருக்காங்கன்னு சர்க்குலர் வந்துச்சு. அதைப் படிச்சுட்டு டிரெஸ்ஸிங் ரூம்ல யாரும் ஒண்ணும் பேசல.

இத்தனைக்கும் தெரியாத விஷயம் இல்ல. 2020 மார்ச்லயே ஜாமா நெட்வொர்க் ஓப்பன்ங்கற மருத்துவ இதழ்ல, சீனாவுல ஆஸ்பத்திரி ஊழியர்கள்கிட்ட எடுத்த ஆய்வு வந்துடுச்சு, 34 ஆஸ்பத்திரி, 1257 பேர், அதுல பாதிப் பேருக்கு டிப்ரஷன் அறிகுறி, மூணுல ஒருத்தருக்குத் தூக்கம் இல்ல, நர்ஸுங்களுக்கும் நேரடியா கோவிட் பேஷன்ட் பார்த்தவங்களுக்கும் இன்னும் மோசம். அப்படி இருக்க எங்க வார்டுல மட்டும் எல்லாருக்கும் 0ன்னா அதை யாரும் சந்தேகப்படலையா?

அடுத்து நோட்டீஸ் போர்டுல ஹெல்ப்லைன் நம்பர். ஆபீஸ் நேரத்துல மட்டும்தான் எடுப்பாங்க. டே டியூட்டின்னா அந்த நேரம் முழுக்க பிபிஇக்குள்ள, போன் லாக்கர்ல. நைட் டியூட்டின்னா அப்பதான் வீட்டுக்கு வந்து படுத்திருப்போம். ஷிஃப்ட் வேலை பாக்கறவங்களுக்குன்னு வெச்ச நம்பரை ஷிஃப்ட்ல இருக்கற ஒருத்தராவது போட்டுப் பார்த்துட்டு ஒட்டியிருக்கலாம். ஒரு ஆஃப் நாள்ல லைன் கெடைச்சுது. எடுத்தவங்க நல்லாவே பேசினாங்க, ஆனா அப்பாயின்ட்மென்ட் வேணும்னா ஹெச்ஆர்ல ரெஃபரல் ஃபாரம் வாங்கிட்டு வாங்க சிஸ்டர்னு சொல்லி வெச்சுட்டாங்க.

ஹெச்ஆர் போனேன். அங்க இருந்த கிளார்க் நிமிர்ந்து கூட பார்க்கல. ஃபாரத்துல என்ன பிரச்சனைன்னு எழுத ஒரு கட்டம், அதுக்குக் கீழ துறைத் தலைவர் கையெழுத்து. "சார், இது பர்சனல் விஷயம், இன்சார்ஜ் மேடம் பார்க்காம பண்ண முடியாதா"ன்னு கேட்டேன். "டியூட்டி நேரத்துல போகணும்னா அவங்களுக்குத் தெரியணும்ல, நாங்க என்ன பண்றது"ன்னார். டியூட்டி இல்லாத நேரத்துல போறேன்னு சொன்னேன். "அப்ப இந்த ஃபாரம் செல்லாது, இது டியூட்டி நேரத்துக்கான ஃபாரம்"னு சொல்லிட்டாரு. வேற ஃபாரம் இருக்கான்னா இல்லையாம். அவ்வளவு தூக்கக் கலக்கத்துல அங்க நின்னுட்டு, பேசாம திரும்பிப் போய் படுத்துடலாம்னு தோணுச்சு. நிறைய பேர் அந்த இடத்துலதான் திரும்பிப் போறாங்க. அவங்களைக் குறை சொல்லவே மாட்டேன்.

கையெழுத்து கேட்க ஏன் பயம்னா, சும்மா வர்ற பயம் இல்ல அது. இவளுக்கு மனசு சரியில்லன்னு பேர் வந்துட்டா ஐசியூல இருந்து மாத்துவாங்க, பிரமோஷன் நேரத்துல பேசுவாங்க, லைசென்ஸ் வரைக்கும் போகுமோன்னு டாக்டர்களே பயப்படறாங்க. 2020 ஏப்ரல்ல நியூயார்க்ல வேலை பார்த்த லார்னா ப்ரீன்ங்கற எமர்ஜென்சி டாக்டர் தற்கொலை பண்ணிக்கிட்டாங்க, உதவி கேட்டா வேலை போயிடும்னு அவங்க பயந்தாங்கன்னு குடும்பத்தார் வெளிப்படையா சொன்னாங்க. 2022ல அமெரிக்காவுல அவங்க பேர்லயே ஹெல்த்கேர் ஊழியர்களுக்காக ஒரு சட்டம் வந்துச்சு. அவ்வளவு பெரிய விலை கொடுத்துதான் பேச்சே ஆரம்பிச்சுது.

எனக்கு வழி கெடைச்சது ஸ்டாஃப் ஹெல்த் கிளினிக்ல. வேலையில தவறி கையில ஊசி குத்திட்டா போவோமே, தடுப்பூசி போடுவாங்களே, அதே இடம். அங்க இருந்த டாக்டர்கிட்ட தூக்கமே வரலன்னுதான் ஆரம்பிச்சேன், மீதியெல்லாம் தானா வந்துடுச்சு. அவங்க தனியா உட்கார வெச்சு அதே பிஹெச்க்யூ-9 போடச் சொன்னாங்க, இந்தத் தடவை உண்மையைப் போட்டேன். பார்த்துட்டு அவங்களே நேரா சைக்கியாட்ரிக்கு, அதாவது மனநலப் பிரிவுக்கு, லெட்டர் எழுதிக் கொடுத்தாங்க, ஹெச்ஆர் ஃபாரம் எதுவும் வேண்டாம், டாக்டர் டாக்டருக்கு அனுப்பறதுக்கு யாரும் காரணம் கேட்க முடியாதுன்னாங்க. அந்த லெட்டரை வாங்கிட்டு வெளிய வந்தப்போ எவ்வளவோ நாளுக்கப்புறம் மூச்சு முழுசா விட்ட மாதிரி இருந்துச்சு. அதனால இதைப் படிக்கற சிஸ்டர்ஸ், பிரதர்ஸ், டெக்னீஷியன்ஸ் எல்லாருக்கும் சொல்றேன், ஹெச்ஆர் பக்கம் போகறதுக்கு முன்னாடி உங்க இடத்துல இந்த மாதிரி கிளினிக் இருக்கான்னு பாருங்க. இல்லன்னா வெளிய ஒரு டாக்டரைப் பாருங்க.

முதல்ல போட்ட கவுன்சிலர் வீடியோ கால்ல. நான் அப்போ குடும்பத்துக்குத் தொத்தக்கூடாதுன்னு ஹாஸ்டல்ல இன்னொருத்தரோட ரூம்ல இருந்தேன், பேசத் தனியா இடமே இல்ல, மாடிப்படியில உட்கார்ந்து பேசினேன். மூச்சுப் பயிற்சி பண்ணுங்க, நல்லதை நினைங்கன்னாங்க. மூச்சுப் பயிற்சி உதவும்தான், நான் இல்லன்னு சொல்லல. ஆனா ஒரே நேரத்துல மூணு அலாரம் அடிக்கறப்போ எந்த பெட்டுக்கு முதல்ல ஓடினேன், எதை விட்டேன்னு கேட்டுட்டே இருக்கற மனசை நல்லதை நினைன்னு சொல்லி அடக்க முடியாது. வேற ஆள் வேணும்னு கேட்டேன். கேட்கலாம், அது உங்க உரிமை, கவுன்சிலர் தப்பா எடுத்துப்பாங்கன்னு நினைச்சு அதே ஆள்கிட்ட காலத்தை ஓட்டாதீங்க.

ரெண்டாவதா வந்தவங்கதான் அதுக்கு ஒரு பேர் சொன்னாங்க: மாரல் இஞ்சுரி. வியட்நாம் போர்ல இருந்து திரும்பின வீரர்களைப் பார்த்த ஜானதன் ஷேங்கற மனநல மருத்துவர்கிட்ட இருந்து பிரபலமான பேச்சாம் அது. செய்யணும்னு தெரிஞ்சதைச் செய்ய முடியாம போறப்போ வர்ற காயம், ஆளும் மெஷினும் பத்தாததுக்கு நீங்க பொறுப்பு இல்லன்னு அவங்க நிதானமா, அவசரப்படாம திரும்பத் திரும்பப் பேசினாங்க. பர்ன்அவுட்டைக் கூட உலக சுகாதார நிறுவனம் ஐசிடி-11ங்கற அவங்க நோய்ப் பட்டியல்ல நோய்னு போடல, வேலை சார்ந்த நிலைன்னுதான் போட்டிருக்கு. அதாவது சரி பண்ண வேண்டியது வேலையையும்தான், என்னை மட்டும் இல்ல. அதை ஒருத்தர் வாயால கேட்டதே எனக்குப் பெரிய ஆறுதல்.

மாத்திரையும் எடுத்தேன், மறைக்க என்ன இருக்கு. டிப்ரஷனுக்குக் கொடுக்கற எஸ்எஸ்ஆர்ஐ வகை மாத்திரை வேலை செய்யவே சில வாரம் ஆகும், முதல்ல குமட்டல் வரும், நல்லா இருக்கேன்னு தோணினதும் நீங்களா பட்டுன்னு நிறுத்தக் கூடாது, இதெல்லாம் பேஷன்ட்டுக்கு நாமளே சொல்றதுதான். தூக்க மாத்திரையை மட்டும், தெரிஞ்ச டாக்டர்தானேன்னு சும்மா எழுதி வாங்கிப் போட்டுக்காதீங்க. மருந்து கைக்கெட்டற தூரத்துல இருக்கறது நம்ம வேலையில இருக்கற பெரிய ஆபத்து. தாங்க முடியாம சாகற எண்ணம் வந்துச்சுன்னா அப்பாயின்ட்மென்ட் எல்லாம் பார்க்காதீங்க, உங்க எமர்ஜென்சிக்கே நேரா போங்க, கூட ஒருத்தரைக் கூட்டிட்டுப் போங்க.

இன்னொண்ணு. ஒரே ஷிஃப்ட்ல நிறைய பேர் இறந்த நாள்ல, எங்களை எல்லாம் மீட்டிங் ஹால்ல உட்கார வெச்சு ஒவ்வொருத்தரா நடந்ததைச் சொல்லச் சொன்னாங்க. ஒரு சின்ன பொண்ணு, புதுசா சேர்ந்தவ, பாதியில நடுங்க ஆரம்பிச்சுட்டா. அப்படிக் கட்டாயப்படுத்தி சொல்ல வைக்கறதை உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைக்கல. 2011ல அவங்க போட்ட உளவியல் முதலுதவி கையேட்டுல பேசச் சொல்லி நெருக்காதீங்கன்னு தெளிவா இருக்கு. நாங்களா பண்ணது அதை விட உதவுச்சு: ரெண்டு ரெண்டு பேரா சேர்ந்துக்கிட்டோம், கிட் கழட்டினதும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்து, தண்ணி குடிச்சியா, வீட்டுக்குத் தனியா போவியான்னு மட்டும் கேட்போம். பேசணும்னா பேசலாம், இல்லன்னா சும்மா கூட உட்காரலாம். அடுத்த ஷிஃப்ட்டுக்குப் பொறுப்பை ஒப்படைக்கற ஹேண்ட்ஓவர்ல இறந்தவங்க பேரைச் சொல்லி ஒரு நிமிஷம் நிப்போம். அந்தப் பொண்ணு இப்பவும் வேலையில இருக்கா, எனக்கு அது சந்தோஷம்.

லீவு முடிஞ்சு திரும்பச் சேர்றப்போ ஃபிட்னெஸ் சர்டிஃபிகேட்ல மறுபடி சிக்கல். டாக்டர் லைட் டியூட்டின்னு எழுதியிருந்தார், ரோஸ்டர் போட்டவங்க அதைப் பார்த்துட்டு நைட்ல பேஷன்ட் கம்மி, அதுதான் லைட்டுன்னு நைட் டியூட்டி போட்டுட்டாங்க. தூக்கம் கெட்டுத்தான் லீவே போட்டேன்! மறுபடி டாக்டரைப் பார்த்து, நைட் வேண்டாம், ஐசியூ வேண்டாம், எந்தத் தேதி வரைக்கும்னு வரிவரியா எழுதி வாங்கினேன். நோய் பேர் அதுல இல்ல, இருக்கவும் தேவையில்லன்னு டாக்டரே சொன்னார். நீங்களும் அப்படியே கேட்டு வாங்குங்க, கொடுக்கறதுக்கு முன்னாடி காப்பி எடுத்து, ஹெச்ஆர்ல சீல் போட்டு வாங்கி வெச்சுக்கோங்க, ஏன்னா அடுத்த மாசமே அது ஃபைல்ல இல்லன்னாங்க, என்கிட்ட இருந்த காப்பியைக் காட்டினதுக்கு அப்புறம்தான் ரோஸ்டரை மாத்தினாங்க.