சமையல் புத்தகங்களுக்கு நடுவே ஒரு நாவல்

சமையல் புத்தக அலமாரியில் அந்த நாவலை முதல் தடவை பார்த்தபோது, யாரோ கவனமில்லாமல் செருகிவிட்டுப் போயிருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். நூலகத்தில் இது தினமும் நடப்பது. எங்கள் வேலையில் பாதி, இடம் மாறிய புத்தகங்களைத் தேடிப்பிடித்து அதனதன் இடத்தில் வைப்பதுதான். தள்ளுவண்டியை நிறுத்திவிட்டு எடுத்துப் பார்த்தேன். லாரி ஹால்ஸ் ஆண்டர்சன் எழுதிய ‘ஸ்பீக்’. முதுகில் டீன் பிரிவின், அதாவது பதின்வயதினர் பிரிவின், ஸ்டிக்கர். இரண்டு தடித்த இத்தாலியச் சமையல் புத்தகங்களுக்கு நடுவே, பெயர் வெளியே தெரியாதபடி முதுகை உள்பக்கம் திருப்பி வைக்கப்பட்டிருந்தது. பாதிக்குக் கொஞ்சம் முன்னால், படித்த இடத்துக்கு அடையாளமாக, தலைமுடி கட்டும் நீலநிற ரப்பர் பேண்ட் ஒன்று.

ரப்பர் பேண்டைத் தொலைந்த பொருட்கள் பெட்டியில் போட்டேன். நாவலை டீன் பிரிவில் அதன் இடத்தில் வைத்தேன். வேலையை ஒழுங்காகச் செய்த திருப்தியோடு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் மாலை, பள்ளி விட்ட நேரம். பதினாலு, பதினைந்து வயதிருக்கும் ஒரு பெண் அதே அலமாரி முன்னால் நின்று ஒவ்வொரு புத்தகமாகச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதவலாமே என்று பக்கத்தில் போனேன். என்னைப் பார்த்ததும் கையில் கிடைத்த கேக் புத்தகத்தை உருவிப் பிரித்து, முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டாள். காது மடல் சிவந்திருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒன்றும் கேட்காமல் திரும்பி வந்துவிட்டேன்.

நியூ ஜெர்சியில் ஒரு சிறிய ஊரின் பொது நூலகத்தில் ஏழு வருடமாகப் பகுதிநேர வேலை பார்க்கிறேன். சேர்ந்த முதல் வாரமே டீன் பிரிவின் பொறுப்பாளர் எனக்குச் சொன்னது, புத்தகங்களை எப்படி அடுக்குவது என்பதை அல்ல. யார் எந்தப் புத்தகத்தை எடுத்தார்கள் என்பதைக் கவனிக்காதே, அதைப் பற்றிப் பேசாதே, அட்டையைப் பார்த்துப் புருவத்தைக்கூட உயர்த்தாதே என்பதைத்தான். இங்கே நூலகப் பதிவுகள் ரகசியமானவை என்று மாநிலச் சட்டமே இருக்கிறது. ஆனால் சட்டம் கணினிக்குள் இருக்கும் பதிவைத்தான் காக்கும். தவணை தாண்டினால் போகும் மின்னஞ்சல் பெரும்பாலும் அம்மா அல்லது அப்பாவின் முகவரிக்குத்தான் போகிறது. புத்தகப் பை வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான் திறக்கப்படுகிறது. அதனால் சில பிள்ளைகள் புத்தகத்தை எடுத்துப் போவதே இல்லை. இங்கேயே உட்கார்ந்து படித்துவிட்டு, அடுத்தவர் கண்ணில் படாத இடத்தில் ஒளித்துவிட்டுப் போகிறார்கள். நூலகங்களில் புத்தகங்களுக்குப் பொருள்வாரியாக எண் போடும் டூயி வரிசையில் 641.5 என்றால் சமையல். எங்கள் நூலகத்தில் அது கடைக்கோடி மூலை. மாலை நேரத்தில் அந்தப் பக்கம் யாரும் வருவதில்லை.

அன்று ராத்திரி அதே நாவலின் மின்நூலைத் திறந்தேன். 1999-இல் வந்த நாவல். உயர்நிலைப் பள்ளியின் முதல் வருடத்துக்குள் நுழையும் மெலிண்டா என்ற பெண்தான் கதை சொல்கிறாள். கோடை விடுமுறையில் ஒரு விருந்தின்போது அவளே போலீஸைக் கூப்பிட்டு, விருந்து கலைந்துவிட்டது. அதனால் பள்ளியில் ஒருவரும் அவளோடு பேசுவதில்லை. ஏன் கூப்பிட்டாள் என்று ஒருவரும் கேட்கவும் இல்லை. அந்த ராத்திரி அவளை ஒருவன் பலாத்காரம் செய்திருக்கிறான். அதைச் சொல்ல வாய் வரவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சே நின்றுபோகிறது. துப்புரவுப் பணியாளரின் பொருட்கள் இருந்த, இப்போது யாரும் பயன்படுத்தாத ஒரு சிறிய அறையைக் கண்டுபிடித்து அதற்குள் ஒளிந்துகொள்கிறாள். சமையல் அலமாரியில் ஒளிந்திருந்த புத்தகத்துக்குள்ளேயும் ஒரு ஒளியும் அறை. அந்தப் பக்கத்தில் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அந்தப் பெண்ணுக்கும் அப்படி ஏதாவது நடந்ததா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் கூடாது. சும்மா நல்ல கதை என்றும் படித்திருக்கலாம். மறுநாள் காலை வேலைக்குப் போனதும் முதல் காரியமாகத் தொலைந்த பொருட்கள் பெட்டியிலிருந்து அந்த ரப்பர் பேண்டை எடுத்தேன். புத்தகத்தில் அது இருந்த பக்கத்தைத் தோராயமாக நினைவுபடுத்தி அங்கே மாட்டி, பழையபடி இத்தாலியச் சமையலுக்கு நடுவே முதுகைத் திருப்பி வைத்தேன். பொறுப்பாளரிடமும் சொல்லிவிட்டேன். தலையை மட்டும் ஆட்டினார். அதற்கப்புறம் அந்த அலமாரியைச் சரிபார்க்கும் முறை யாருக்கு வந்தாலும், அந்த ஒரு புத்தகம் அசையாமல் இருந்தது.

டீன் பிரிவுப் புத்தகங்களை வீட்டில் என்னவென்று சொல்வது என்று யோசித்திருக்கிறேன். பிள்ளை எப்படிப் பெரியவர் ஆகிறது என்பதுதான் கிட்டத்தட்ட எல்லாக் கதைகளிலும் உள்ளே ஓடும் விஷயம். தமிழில் ‘வயசுக்கு வர்ற கதை’ என்று அம்மாவிடம் போனில் சொன்னால், அம்மா வேறு அர்த்தம் எடுத்துக்கொள்வார். நம் பேச்சில் வயசுக்கு வருவது பெண் மட்டும்தான். அதுவும் உடம்பு மட்டும்தான். எனக்குப் பதின்மூன்று வயதில் அது நடந்தபோது பந்தல் போட்டு, மைக் செட் கட்டி, தெருவுக்கே சொன்னார்கள். பெரிய மனுஷி ஆகிவிட்டாள் என்று எல்லோரும் சொன்னார்கள். அடுத்த வாரத்திலிருந்து கிளை நூலகத்துக்கு நான் தனியாகப் போவது நின்றது. “இனிமே என்ன லைப்ரரி? வேணும்னா அப்பா எடுத்துட்டு வருவார்” என்றார் பெரியம்மா. அப்பாவும் எடுத்து வந்தார், பாவம், ஒரு வாரம்கூடத் தவறாமல். ஆனால் அது அவர் தேர்ந்தெடுத்த புத்தகம். ஊருக்கே சொல்லியாயிற்று. என்னிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

நாவலாசிரியர் ஜூடி ப்ளூம் இதே நியூ ஜெர்சியில் வளர்ந்தவர். 1970-இல் வெளிவந்த அவருடைய நாவலை, மார்கரெட் என்ற சிறுமியின் கதையை, இங்கே வந்தபிறகுதான் படித்தேன். நியூயார்க்கிலிருந்து நியூ ஜெர்சிக்குக் குடிவரும், பன்னிரண்டு வயதை நெருங்கும் அந்தச் சிறுமி, எப்போது தனக்கு மாதவிலக்கு வரும் என்று தோழிகளோடு சேர்ந்து ஏங்கிக்கொண்டிருக்கிறாள். எந்த மதத்தையும் சேராத வீட்டில் வளர்ந்தாலும் தனியாகக் கடவுளிடம் பேசுகிறாள். கடைசியில் அந்த நாள் வரும்போது அது அவளுடைய சந்தோஷமாக இருக்கிறது. பந்தல் இல்லை, மைக் இல்லை. அதைப் படித்தபோது எனக்கு நாற்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. எங்கள் நூலகத்தில் அது டீன் பிரிவில் இல்லை, சிறுவர் பிரிவில் இருக்கிறது. பன்னிரண்டு வயதுக்காரர் பதினாலு வயதுக்காரரின் அலமாரிக்குப் போகக் கூச்சப்படுவார் என்பதை யோசித்துத்தான் யாரோ அங்கே வைத்திருக்க வேண்டும்.

வளர்ந்துவிட்ட ஒருவர் தன் இளமையைத் திரும்பிப் பார்த்து எழுதும் நாவல்கள் எல்லா மொழியிலும் உண்டு. தமிழிலும் நிறைய. அவற்றில் சொல்பவருக்கு முடிவு தெரியும். அந்த நாள் கடந்துபோய்விட்டது, உயிரோடு தப்பியாயிற்று என்கிற ஒரு நிம்மதி வாக்கியங்களில் இருக்கும். டீன் பிரிவில் இருக்கும் நாவல்களில் பலவற்றுக்கு அந்த நிம்மதி கிடையாது. பதினைந்து வயதுப் பிள்ளை நடக்க நடக்கவே சொல்கிறது. நாளைக்கு என்ன ஆகும் என்று அதற்கே தெரியாது. எஸ்.ஈ. ஹின்டன் டல்சா நகரத்தில் பள்ளி மாணவியாக இருந்தபோதே எழுதி, 1967-இல் தன் பதினெட்டாவது வயதில் வெளியிட்ட ‘தி அவுட்சைடர்ஸ்’ இந்த வழிக்கு ஒரு பெரிய தொடக்கம். அதில் கதை சொல்லும் பையன், தன் நண்பர்களின் சாவுக்குப் பிறகு, ஆங்கில வகுப்புக்கு ஒரு கட்டுரை எழுத உட்காருகிறான். அந்தக் கட்டுரையின் முதல் வாக்கியம்தான் நாவலின் முதல் வாக்கியம். அவன் வளர்ந்த கணம் அதுதான். தனக்கு நடந்ததை உட்கார்ந்து எழுதத் தொடங்கிய கணம்.

அதற்கப்புறம் வந்தவற்றிலும் இதையே பார்க்கிறேன். எலிசபெத் அசெவேதோவின் ‘தி போயட் எக்ஸ்’ முழுக்கக் கவிதையாகவே எழுதப்பட்ட நாவல், 2018-இல் அமெரிக்காவின் தேசியப் புத்தக விருது வாங்கியது. நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் டொமினிக்கன் குடும்பத்துப் பெண் சியோமாரா. நோட்டுப் புத்தகத்தில் ரகசியமாகக் கவிதை எழுதுகிறாள். பக்தியில் ஊறிய அம்மா அந்த நோட்டைக் கண்டுபிடித்து எரித்துவிடுகிறார். டைரியை அம்மா படித்துவிட்டார் என்று அழுத தோழிகள் எனக்கு ஊரில் எத்தனையோ பேர் உண்டு. நோட்டு எரிந்தபிறகு அவள் தன் கவிதையை மேடையேறிச் சொல்கிறாள். மெலிண்டாவும் கடைசியில் வாய் திறக்கிறாள். வேலை கிடைப்பதோ, கல்யாணமோ, கல்லூரியில் இடமோ இந்தக் கதைகளில் முடிவாக வருவதில்லை. நடந்ததைத் தன் குரலில் சொல்ல முடிவதுதான் வளர்ச்சி. என் வயதில் எனக்கு இது புதிதாக இருந்தது.

ஒரு சனிக்கிழமை ஒரு தமிழ் அப்பா வந்தார். மேசைக்கு வந்ததும் என் பெயர் அட்டையைப் பார்த்துவிட்டு, “நீங்க தமிழ்தானே மேடம்?” என்றார். “ஆமாங்க சார்.” குரலைத் தாழ்த்திக்கொண்டார். “என் பொண்ணு இங்கேயிருந்து என்ன புக்கெல்லாம் எடுக்கறான்னு கொஞ்சம் பார்த்துச் சொல்ல முடியுமா? ஏதோ போலீஸ் சுடறது, கெட்ட வார்த்தை எல்லாம் இருக்கற புக்கு படிக்கறா.” பதற்றம் அவர் முகத்திலேயே தெரிந்தது. கோபம் இல்லை, பயம்தான்.

“சார், அதைச் சொல்ல எங்களுக்கு அனுமதி இல்லை. தப்பா எடுத்துக்காதீங்க” என்றேன். அவர் சொன்ன அடையாளம் ‘தி ஹேட் யு கிவ்’ போல இருந்தது. ஆஞ்சி தாமஸ் எழுதி 2017-இல் வெளியான நாவல். அதுவும் ‘ஸ்பீக்’கும் அமெரிக்க நூலகச் சங்கம் வெளியிட்ட 2020-க்கான பட்டியலில் சேர்ந்தே இருந்தன. நாட்டில் அதிகமாக எதிர்ப்புக்கு உள்ளான பத்துப் புத்தகங்களின் பட்டியல் அது. 2024 டிசம்பரில் எங்கள் மாநிலம், சிலருக்குப் பிடிக்கவில்லை என்பதற்காகப் புத்தகத்தை எடுத்துவிட முடியாதபடி ஒரு சட்டம் கொண்டுவந்தது. இதையெல்லாம் அவரிடம் அடுக்கினால் வாக்குவாதம் ஆகியிருக்கும். அலமாரியிலிருந்து இன்னொரு பிரதியை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தேன். “நீங்களும் ஒண்ணு எடுத்துட்டுப் போங்க சார். அவங்ககிட்ட எதுவும் கேக்காதீங்க. முதல்ல நீங்க படிச்சிப் பாருங்க.”

தயங்கினார். அப்புறம் நூலக அட்டையை நீட்டினார்.

மூன்று வாரம் கழித்துத் திருப்பிக் கொண்டுவந்தபோது நின்று பேசினார். அந்தக் கதையில் ஸ்டார் என்ற கறுப்பினப் பெண்ணுக்குப் பன்னிரண்டு வயதானபோது பெற்றோர் இரண்டு விஷயங்களை உட்கார வைத்துச் சொல்வார்கள். ஒன்று பிள்ளை பிறப்பது எப்படி என்பது. இன்னொன்று, போலீஸ்காரர் நிறுத்தினால் கையை எங்கே வைத்துக்கொள்ள வேண்டும், எப்படிப் பேச வேண்டும் என்பது. பதினாறு வயதில் தன் கண் முன்னாலேயே நண்பன் போலீஸ் குண்டுக்குப் பலியாவதைப் பார்க்கிறாள். மளிகைக் கடை நடத்தும் அவள் அப்பா, முன்னாளில் ஒரு கும்பலில் இருந்து சிறைக்குப் போய் வந்தவர். “அந்த அப்பா கேரக்டர் இருக்காரே மேடம்,” என்று ஆரம்பித்தவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. “நான் என் பொண்ணுகிட்ட எதையுமே இப்படி உக்கார வச்சிச் சொன்னதில்ல. மார்க் மட்டும்தான் கேட்டிருக்கேன்.”

அவர் போனபிறகு வண்டியைத் தள்ளிக்கொண்டே யோசித்தேன். இந்தக் கதைகளில் பெரியவர்கள் ஓரமாகத்தான் நிற்கிறார்கள். ஆனால் பெரும்பாலும் ஒரே ஒரு பெரியவராவது பொறுமையாகக் காத்திருக்கிறார். மெலிண்டாவுக்கு ஓவிய ஆசிரியர் ‘மரம்’ என்ற ஒரே ஒரு தலைப்பைக் கொடுத்துவிட்டு, வருடம் முழுக்க அவள் வரையட்டும் என்று விட்டுவிடுகிறார். என்ன ஆயிற்று என்று துருவுவதில்லை. கடைசிப் பக்கத்தில் அவரிடம்தான் அவள் சொல்லத் தொடங்குகிறாள். நாவல் அங்கேயே நின்றுவிடுகிறது. சியோமாராவுக்கு ஒரு ஆங்கில ஆசிரியை. ஸ்டாருக்கு அந்த அப்பா. பிள்ளை சொல்லும்வரை காத்திருப்பதும் ஒரு வேலைதான் என்று எனக்கு இந்த மேசையில் உட்கார்ந்துதான் புரிந்தது. எனக்குப் பதின்மூன்று வயதில் அப்படி ஒருவர் இருந்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

சமையல் அலமாரிக்கு வருகிறேன். ரப்பர் பேண்ட் வாரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தது. சில வாரம் நகரவே இல்லை. முக்கால்வாசி தாண்டியபோது, ஒரு செவ்வாய்க்கிழமை காலை அச்சிட்ட முன்பதிவுப் பட்டியலில் அந்தப் புத்தகத்தின் பெயர் வந்துவிட்டது. வேறு யாரோ கேட்டிருந்தார்கள். எங்களிடம் இருந்தது அந்த ஒரு பிரதிதான். பொறுப்பாளரிடம் ஓடினேன். கேட்டவரும் காத்திருக்கிறார், அவருக்கும் அது அவசரமாக இருக்கலாம், கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றார். சரிதான். பக்கத்து ஊர் நூலகத்திலிருந்து ஒரு பிரதியை என் சொந்த அட்டையில் வரவழைத்தேன். வர இரண்டு நாள் ஆகும்.

பக்க எண்ணைக் குறித்துக்கொண்டு புத்தகத்தை எடுத்தேன். அதே இடைவெளியில் ஒரு துண்டுச் சீட்டைச் சுருட்டி, ரப்பர் பேண்டால் கட்டி வைத்தேன். ‘வியாழக்கிழமை இங்கேயே இருக்கும்’ என்று மட்டும் எழுதினேன். பெயர் போடவில்லை. ஒருவருக்குத் தெரிந்துவிட்டது என்று பயந்து வராமலே போய்விடுவாளோ என்று அந்த இரண்டு நாளும் மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

வியாழக்கிழமை காலை புதிய பிரதியை வைக்கப் போனபோது சீட்டையும் காணோம், ரப்பர் பேண்டையும் காணோம். குறித்த பக்கத்தில் ஒரு வெள்ளைக் காகிதத்தை வைத்து, முதுகைத் திருப்பிச் செருகினேன். அடுத்த செவ்வாய் பார்த்தேன், 641.5-இல் புத்தகம் இல்லை. மூன்று வரிசையும் தேடினேன். கீழ்த்தட்டிலும் இல்லை.

அன்று மாலை டீன் பிரிவில் அலமாரி சரிபார்ப்பது என் முறை. முதல் வரிசையில், ஆசிரியர் பெயரின் அகர வரிசைப்படி ஆண்டர்சன் வர வேண்டிய இடத்தில், பக்கத்து ஊர் நூலகத்தின் மஞ்சள் ஸ்டிக்கரோடு அது நின்றுகொண்டிருந்தது. முதுகு வெளிப்பக்கம் பார்த்தபடி இருந்தது. எங்கள் ஊழியர் யாரும் வைத்திருக்க முடியாது. வெளியூர்ப் புத்தகத்தை நாங்கள் அலமாரியில் வைப்பதே இல்லை.