விடுகதைப் புத்தகம்: ‘விடை:’ என்ற ஒரு சொல்லை வைத்து 312 பத்திகளுக்கு ஸ்டைல்

நேற்று ராத்திரி 312 விடுகதைகளும் அதனதன் இடத்தில் உட்கார்ந்துவிட்டன. இதற்கு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போயின. குடியாத்தம் பக்கத்து ஊர்களில் எங்கள் ஆயாவும் அவர் வயதுக்காரர்களும் சொல்லச் சொல்ல எழுதி வைத்த நோட்டு இது. கிரவுன் 1/8 அளவில் சின்னப் புத்தகமாக்கப் போகிறேன்.

பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் ‘தாய்’ என்று ஒரு பேராகிராஃப் ஸ்டைல் (பத்தியின் எழுத்து, அளவு, ஓரம் எல்லாவற்றையும் சேர்த்து வைக்கும் அமைப்பு), தாயின் அமைப்பை வாங்கிக்கொள்ளும்படி அதன்மேல் பேஸ்டு ஆன் போட்டு ‘விடுகதை’, ‘விடை’ என்று இரண்டு. தமிழ் எழுத்தைச் சரியாகக் கோக்கும் வேர்ல்டு ரெடி பேராகிராஃப் கம்போசரைத் தாயில் மட்டும் வைத்தேன். பிள்ளைகள் இரண்டுக்கும் வந்துவிட்டது. அது இல்லாவிட்டால் கொம்பும் காலும் எழுத்தை விட்டு விலகி நிற்கும் என்பது தெரிந்ததுதான்.

சிக்கல் நெக்ஸ்ட் ஸ்டைலில், அதாவது ஒரு பத்திக்கு அடுத்த பத்தி எந்த ஸ்டைலை எடுக்க வேண்டும் என்று சொல்லும் இடத்தில். விடுகதைக்கு அடுத்தது விடை, விடைக்கு அடுத்தது விடுகதை என்று வட்டமாகக் கட்டி, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து ஒரே தடவையில் ஓட்டினேன். முதல் பக்கங்கள் அவ்வளவு அழகு! ‘வெள்ளைக்காரனுக்குக் கறுப்புத் தொப்பி’ 12 பாயின்ட்டில் நிற்க, கீழே வலது ஓரமாகச் சிறிய எழுத்தில் ‘விடை: தீக்குச்சி’. தீப்பெட்டிக்குப் பேர்போன ஊர்க்காரனுக்கு அதைப் பார்க்கவே சந்தோஷம். கடைசிப் பக்கத்துக்குப் போனால் விடையெல்லாம் பெரிய எழுத்தில், விடுகதையெல்லாம் ஓரத்தில்.

தேடிப் பிடித்தது 41-ஆம் விடுகதையில். ‘ஆயிரம் தச்சர் கூடி அழகான மண்டபம் கட்டி’ என்பது ஒரு வரி, ‘ஒருவன் கண் பட்டு உடைந்ததாம் மண்டபம்’ அடுத்த வரி. தட்டச்சு செய்து கொடுத்த கடையில் நடுவில் என்டர் தட்டியிருக்கிறார்கள். ஒரு பத்தி கூடியதும் கணக்கு ஒன்று தள்ளி, விடையான தேன்கூடு தலைப்பு மாதிரி நிற்கிறது. அதைவிட மோசம், 58-ஆவதும் இரண்டு வரி. அங்கே இன்னொன்று தள்ளியதும் எல்லாம் தானாகச் சரியாகிவிடுகிறது. பட்டை பட்டையாக ஒரு பகுதி தப்பு, ஒரு பகுதி சரி. நடுவில் ஏதோ ஒரு பக்கத்தைப் புரட்டிப் பார்த்து ‘சரி, முடிந்தது’ என்று அச்சுக்கு அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்!

எண்ணி எண்ணிப் போகிற வழியை அதோடு விட்டுவிட்டேன். என் நோட்டில் ஒவ்வொரு விடைக்கும் முன்னால் ‘விடை:’ என்று இருக்கிறதே, அதையே பிடித்துக்கொண்டேன். முதலில் எல்லாவற்றுக்கும் ‘விடுகதை’ ஸ்டைல். அப்புறம் தேடி மாற்றும் ஃபைண்ட் சேஞ்சில், குறிகளை வைத்துத் தேடும் கிரெப் பக்கம் போய், தேட வேண்டிய இடத்தில் ^விடை *: என்று கொடுத்து, மாற்ற வேண்டிய வடிவத்தில் ‘விடை’ ஸ்டைலைக் காட்டினேன். தொடக்கத்துக் கூரைக்குறி பத்தி ஆரம்பத்தை மட்டும் பிடிக்கும். இடைவெளிக்குப் பின் வரும் நட்சத்திரக் குறி மிக முக்கியம்: 7 இடங்களில் ‘விடை’க்கும் முக்காற்புள்ளிக்கும் நடுவில் இடைவெளி விட்டிருக்கிறார்கள், அவையும் சிக்கிக்கொண்டன. ‘312 மாற்றங்கள்’ என்று பெட்டி வந்தபோது கை தட்டிவிட்டேன். முக்காற்புள்ளி வரை தடித்த எழுத்து வர ஒரு நெஸ்டட் ஸ்டைல், அது இரண்டு நிமிட வேலை.

காகிதம் 70 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு 70 கிராம் எடை) மேப்லித்தோ என்ற அச்சுத்தாள் என்று முடிவு. வேலூர் லாங்கு பஜார் பக்கத்துக் கடையில் மாதிரித் தாள் கேட்டதற்கு, கொஞ்சம் மஞ்சள் சாயலில் ஒன்றும் கூடவே கொடுத்தார் அண்ணன். ராத்திரி விளக்கில் கண்ணுக்கு அதுதான் இதமாக இருக்கிறது. புத்தகத்தின் பின்னால் விடைகளின் பட்டியல் பக்க எண்ணோடு வேண்டும். பொருளடக்கக் கருவியில் ‘விடை’ ஸ்டைலை மட்டும் சேர்த்தால் அதுவே திரட்டித் தரும். அடுத்த வாரம் அதைத்தான் செய்யப் போகிறேன்.

அதற்கு முன் எண்கள். ‘விடுகதை’ ஸ்டைலில் தானியங்கி எண் வைத்ததும் கடைசி விடுகதை 331 என்று நிற்கிறது. இரண்டு வரி விடுகதைகள் 19, ஒவ்வொன்றும் இரண்டு எண்ணை விழுங்கியிருக்கிறது. அந்த 19 இடத்திலும் என்டரை எடுத்துவிட்டு ஷிஃப்ட் என்டர் போட வேண்டும்; அது பத்தியை உடைக்காமல் வரியை மட்டும் மாற்றும். 8 முடிந்திருக்கிறது.