கடைவாயும் கழுத்தும்: ஜார்ஜ்டவுன் நாட்குறிப்பு

6 அக்டோபர் 2025, திங்கள்

“பல்லுக்குக் கம்பி போட்டா பிள்ளையோட கூன் நிமிருமா டாக்டர்?”

பினாங்கில் பிள்ளைகளுக்குப் பல் பார்ப்பவர்கள் எல்லாருக்கும் பழகிப்போன கேள்வி இது. கைப்பேசியில் சுற்றும் காணொளிகள் நிமிரும் என்று அடித்துச் சொல்கின்றன. நிமிராது. ஆனால் பல்லுக்கும் கழுத்துக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. உறவு எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்று பிரித்துக் காட்டத்தான் இந்தக் குறிப்புகள்.

முதலில் ஒரு சின்னச் சோதனை, வீட்டிலேயே செய்யலாம். நிமிர்ந்து உட்கார்ந்து மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் மெல்லத் தட்டிப் பாருங்கள். எந்த இடம் முதலில் படுகிறது என்று கவனியுங்கள். பிறகு முகட்டைப் பார்த்துத் தலையைச் சாய்த்துக்கொண்டு தட்டுங்கள். கீழ்த்தாடை பின்னால் இழுபட்டு, கடைவாய்ப் பக்கம் முதலில் படும். தாடையை நெஞ்சுப் பக்கம் குனித்துத் தட்டினால் படும் இடம் முன்னே வரும். தாடைக்கு அடியில் இருக்கும் தசைகள் தொண்டையின் நாவடி எலும்பில் பிடித்திருக்கின்றன. அந்த எலும்பைக் கீழிருந்து மார்பெலும்பும் தோளும் தசைகளால் பிடித்திருக்கின்றன. தலை ஆடினால் இந்தக் கயிறுகள் எல்லாம் சேர்ந்து ஆடும்.

அதனால்தான் பிள்ளையைச் சாய்வு நாற்காலியில் படுக்க வைத்துக் கடிப்பு அச்சு (மேல் பல்லும் கீழ்ப் பல்லும் சேரும் விதத்தை மெழுகில் பதிப்பது) எடுத்தால் அச்சு பொய் சொல்லும். நாற்காலியை நிமிர்த்த வேண்டும். கால் தொங்கினால் பிள்ளை இடுப்பைச் சறுக்கித் தலையை முன்னே நீட்டும். பாதத்துக்கு அடியில் ஒரு முக்காலி வைக்க வேண்டும். மெழுகைக் கடிக்கச் சொல்வதற்கு முன் மூன்று முறை எச்சில் விழுங்கச் சொல்வது நல்லது.

8 அக்டோபர், புதன்

கழுத்தை அளக்கும் முறை. கண்ணால் பார்த்துக் “கூன் மாதிரி இருக்கு” என்று எழுதி வைத்தால் ஆறு மாதம் கழித்து அதை எதோடு ஒப்பிடுவது?

தேவை: ஒரு மீட்டர் நூல், அதன் நுனியில் கட்ட ஒரு நட்டு, வட்டமான சிறு ஸ்டிக்கர், கைப்பேசி, பாகைமானி. பிள்ளை செருப்பைக் கழற்றிவிட்டு, தரை ஓட்டின் கோட்டில் குதிகால் படும்படி நிற்கட்டும். எதிரே கண் உயரத்தில் கண்ணாடி. தலையை மேலும் கீழும் பெரிதாக ஆட்டத் தொடங்கி, ஆட்டத்தைச் சிறிதாக்கிக்கொண்டே போய், தனக்கு இதமான இடத்தில் நிறுத்திக் கண்ணாடியில் தன் கண்ணைப் பார்க்கட்டும். “நேரா நில்லு” என்று சொல்லவே கூடாது. சொன்னால் பிள்ளை சிப்பாய் மாதிரி விறைத்துவிடும், அளவும் கெட்டுவிடும்.

குனியும்போது கழுத்தடியில் துருத்தும் எலும்பில் ஸ்டிக்கர் ஒட்டி, பக்கவாட்டிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி, தோள் உயரத்தில் வைத்துப் படம் எடுக்க வேண்டும். தொங்கும் நூலும் படத்தில் விழ வேண்டும், செங்குத்துக்கு அதுதான் சாட்சி. அச்செடுத்து, ஸ்டிக்கரிலிருந்து காதின் முன்மடல் (காதுத் துளைக்கு முன்னால் இருக்கும் சிறு மேடு) வரை ஒரு கோடு. அந்தக் கோடு படுக்கைக் கோட்டோடு செய்யும் கோணம் ஏறக்குறைய 50 பாகைக்குக் கீழே போனால் தலை முன்னே வந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறோம். மூன்று படம் எடுத்து நடு அளவை எழுதுவோம்.

பிறகு முன்னால் குனியச் சொல்லி முதுகைப் பின்னாலிருந்து பார்ப்பது. ஒரு பக்க விலா மேடு எழுந்து தெரிந்தால் அது பல் டாக்டரின் வேலை இல்லை. அன்றைக்கே எலும்பு மருத்துவருக்குக் கடிதம் எழுத வேண்டும். பல்லில் வேலை தொடங்கி, “போகப் போகப் பார்க்கலாம்” என்று வளரும் முதுகெலும்பைக் காக்க வைப்பதுதான் இந்த விஷயத்தில் நடக்கக்கூடிய பெரிய அநியாயம்.

14 அக்டோபர், செவ்வாய்

மூக்கு. இத்தனை நாள் பார்த்ததில் பல்லையும் கழுத்தையும் இணைக்கும் முடிச்சு பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது.

மூக்கு அடைத்திருக்கும் பிள்ளை வாயால் மூச்சு விடும். வாய் திறந்தால் நாக்கு அண்ணத்தை விட்டுக் கீழே இறங்கும். மேல் தாடை அகலமாக வளர உள்ளேயிருந்து நாக்கு முட்டுக் கொடுக்க வேண்டும், வெளியிலிருந்து கன்னம் அழுத்திக்கொண்டேதான் இருக்கும். முட்டு போனால் கன்னம் ஜெயிக்கும். மேல் வரிசை குறுகும், அண்ணம் குகை மாதிரி உயரும். இன்னொரு பக்கம், காற்றுக்கு வழி கிடைக்க அந்தப் பிள்ளை தலையைக் கொஞ்சம் பின்னால் சாய்த்துக் கழுத்தை முன்னே நீட்டும். பல் குறுகியதும் கழுத்து நீண்டதும் ஒரே காரணத்தின் இரண்டு பிள்ளைகள். ஒன்று மற்றொன்றைப் பெற்றெடுக்கவில்லை.

டென்மார்க்கின் பல் ஆய்வாளர்கள் சோலோவும் க்ரெய்போர்கும் 1977-ல் இதையே ஒரு கருத்தாக வைத்தார்கள். தலை பின்னால் சாய்ந்தே இருந்தால் முகத்தின் தோலும் தசையும் இழுபட்டு, முகம் முன்னோக்கி வளர்வதைத் தடுக்கும் என்றார்கள். மூக்குக்குப் பின்னால் வளரும் அடினாய்டு சதையை எடுத்து மூக்கு திறந்த பிறகு தலைச் சாய்வு குறைவதையும் ஆய்வுகள் பதிந்திருக்கின்றன.

நாற்காலியில் பார்க்க வேண்டியவை: உதடு தானாக மூடுகிறதா, மூடும்போது மோவாயில் ஆரஞ்சுத் தோல் மாதிரிச் சுருக்கம் விழுகிறதா. குளிர்ந்த வாய்க்கண்ணாடியை மூக்குக்கு அடியில் பிடித்தால் இரண்டு பக்கமும் பனி படிகிறதா. ஒரு மடக்குத் தண்ணீரை விழுங்காமல் வாயில் வைத்து மூன்று நிமிடம் இருக்க முடிகிறதா. திணறினால் உடனே துப்பச் சொல்லிவிட வேண்டும். பெற்றோரிடம் ஒரே கேள்வி: தூங்கும்போது குறட்டையா? குறட்டையோடு மூச்சு நின்று நின்று வந்தால் இ.என்.டி. மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடவே கூடாது.

பினாங்கின் ஈரக் காற்றில் தூசிப் பூச்சிக்குக் குறைவே இல்லை. இலவம் பஞ்சுத் தலையணையும், வருடக்கணக்கில் வெயில் காணாத மெத்தையும் அதற்குச் சொந்த வீடு. படுக்கை விரிப்பை வாரம் ஒரு முறை 60 பாகை வெந்நீரில் துவைக்க வேண்டும், பஞ்சுப் பொம்மைகளைக் கட்டிலை விட்டு இறக்க வேண்டும். மருத்துவர் மூக்கு ஸ்ப்ரே எழுதித் தந்திருந்தால், இடது மூக்குக்கு வலது கையால் அடிக்க வேண்டும், நுனி காதுப் பக்கம் பார்க்க வேண்டும். நடுத் தண்டைப் பார்த்து அடித்தால் ரத்தம் கசியும், பிள்ளை பயந்து மருந்தையே விட்டுவிடும். புகைமூட்ட நாட்களில் மூச்சுச் சோதனை செய்வதில்லை; அன்றைக்கு எல்லார் மூக்கும் அடைத்துத்தான் இருக்கும்.

16 அக்டோபர், வியாழன்

தாடை ஒரு பக்கம் கோணிக் கடிக்கும் பிள்ளைகள். படத்தில் முகம் கோணல், தோள் கோணல் என்று வருபவர்களில் முதலில் பார்ப்பது இதைத்தான்.

சரியான கடிப்பில் மேல் வரிசை கீழ் வரிசையைப் பெட்டி மூடி மாதிரி வெளியிலிருந்து மூடும். மேல் வரிசை குறுகிவிட்டால் பல்நுனியும் பல்நுனியும் மோதும். மோதி உட்கார முடியாத பிள்ளை கீழ்த்தாடையை ஒரு பக்கம் நகர்த்தி இடம் தேடிக்கொள்ளும். அந்தப் பக்கம் மேல் பல் கீழ்ப் பல்லுக்கு உள்ளே விழும்; அதுதான் குறுக்குக் கடி. ஆகாவென்று வாயைத் திறக்கச் சொல்லி, மேல் கீழ் முன்பற்களின் நடுக்கோடு நேராக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு மெதுவாக, மிக மெதுவாக மூடச் சொல்ல வேண்டும். திறந்தபோது நேராக இருந்து மூடும்போது விலகினால் அது நகர்வு. குறுகலைச் சரிசெய்தால் தாடை நடுவுக்குத் திரும்பும். திறந்தபோதே விலகி இருந்தால் எலும்பிலோ கழுத்திலோ காரணம் இருக்கலாம். பிறவியிலேயே கழுத்தின் ஒரு பக்கத் தசை இறுகித் தலை சாய்ந்த குழந்தையைக் கவனிக்காமல் விட்டால் முகமும் கோணலாகவே வளரும். அதற்குக் கைக்குழந்தைப் பருவத்திலேயே இயன்முறைச் சிகிச்சை வேண்டும், ஏழு வயதில் பல் தகடு அல்ல.

பள்ளிக்கு வரும் பல் மிஸ்ஸிகள் (பல் செவிலியர்கள்) இதை அட்டையில் குறித்து அனுப்புகிறார்கள். அவர்களுக்கான பயிற்சி 1949-ல் தொடங்கியது நம் பினாங்கில்தான். அந்த அட்டையைப் பையின் அடியில் விட்டுவிடாதீர்கள். ஆறு வயதில் முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல் முளைக்கும். அதிலிருந்து ஒன்பது வயது வரைதான் இதற்கு நல்ல காலம். பால் பல் வயதிலேயே நகர்வு தெரிந்தால், சிலருக்குப் பால் கோரைப்பல்லின் நுனியைச் சற்றே அரைத்துவிட்டாலே போதும்.

18 அக்டோபர், சனி

திங்கட்கிழமை தீபாவளி. தகடு போட்டிருக்கும் பிள்ளைகள் வீட்டுக்குச் சொல்லி அனுப்பியது: முறுக்கையும் நெய்யுருண்டையையும் உடைத்துச் சின்னத் துண்டாகக் கொடுங்கள். கழற்றும் தகடாக இருந்தால் டிஷ்யூவில் சுற்றி மேசையில் வைக்காதீர்கள். எச்சில் இலையோடு குப்பைக்குப் போவது அப்படித்தான். டப்பா, டப்பா, டப்பா. கழுவப் பச்சைத் தண்ணீர் போதும். வெந்நீர் பட்டால் தகடு வளைந்துவிடும், பிறகு எந்த அழுத்தத்துக்கும் உட்காராது.

24 அக்டோபர், வெள்ளி

கடிப்பு கெட்டதால் முதுகெலும்பு வளைகிறது என்பவர்கள் காட்டும் ஆய்வுகளில் பெரும்பாலானவை பிள்ளைகளை ஒரே ஒரு முறை பார்த்து எழுதியவை. இரண்டும் சேர்ந்திருப்பதைச் சொல்லும், எது முதலில் வந்தது என்று சொல்லாது. ஒருபக்கக் குறுக்குக் கடி உள்ள பிள்ளைகளுக்குக் கால் நீளம் வேறுபடுகிறதா என்று இத்தாலியில் பார்த்தார்கள்; தொடர்பு தென்படவில்லை.

எதிர்த் திசைக்கு நல்ல சாட்சி இருக்கிறது. 1940-களில் அமெரிக்காவில் முதுகு வளைவுக்கு வந்த மில்வாக்கி பெல்ட், மோவாயை ஒரு பட்டையால் தாங்கிப் பிடித்தது. நாளுக்கு 23 மணி நேரம் போட்ட பிள்ளைகளுக்கு முன்பற்கள் வெளியே தள்ளின, முகத்தின் கீழ்ப்பகுதி குட்டையானது. பிறகு அந்த மோவாய்ப் பட்டையை எடுத்துவிட்டுத் தொண்டைப் பக்கம் மாற்றினார்கள். கழுத்திலிருந்து வரும் விசை பல்லை நகர்த்தும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் தெரியவில்லை.

ஆகவே “முதுகை நிமிர்த்தும் கடிப்புத் தகடு” என்று இணையத்தில் விற்கும் ரப்பர்ப் பொருட்களை வாங்காதீர்கள். மூக்கு அடைத்த பிள்ளையின் வாயை அதைக் கொண்டு அடைப்பது ஆபத்து.

29 அக்டோபர், புதன்

குறுகிய மேல் வரிசையை அகலப்படுத்த அண்ணத்தில் ஒட்டிவைக்கும் விரிப்புத் தகட்டின் திருகைச் சுற்றும் முறை, வீட்டில் சுற்றப்போகும் அம்மா அப்பாக்களுக்கு.

பிள்ளை மடியில் தலை வைத்துப் படுக்கட்டும், மேலே நல்ல வெளிச்சம். சாவியில் பல் நூலைக் கட்டி மறுமுனையை விரலில் சுற்றிக்கொள்ளுங்கள்; கை நழுவினால் சாவி தொண்டைக்குள் போகக் கூடாது. திருகின் முன்பக்க ஓட்டையில் சாவியை நுழைத்துத் தொண்டைப் பக்கமாகத் தள்ளுங்கள். அடுத்த ஓட்டை முன்னால் முழுசாகத் தெரியும் வரை தள்ள வேண்டும். அரையில் நிறுத்தினால் மறுநாள் சாவி நுழையாது. வீட்டிலிருந்து வரும் போன்களில் பாதி இதற்காகத்தான். எடுக்கும்போது சாவியைத் தொண்டைப் பக்கம் சாய்த்தபடியே கீழே இறக்குங்கள். முன்னால் இழுத்தால் சுற்றியது திரும்பிவிடும்.

ஒரு சுற்று கால் மில்லிமீட்டர். 6 மி.மீ. அகலம் வேண்டுமென்றால் 24 சுற்று. நாளுக்கு ஒன்றா இரண்டா என்பதை அட்டையில் எழுதித் தருவோம். ஒரு நாள் மறந்தால் மறுநாள் சேர்த்துச் சுற்ற வேண்டாம். சுற்றியதும் மூக்கடியில் சில நிமிடம் இறுக்கமாக இருக்கும். ஒரு வாரத்தில் மேல் முன்பல் இரண்டுக்கும் நடுவே சந்து விழும். பயப்பட வேண்டாம், அண்ணத்தின் நடு மூட்டு திறந்திருக்கிறது என்று அர்த்தம், சில மாதத்தில் சந்து தானே மூடும். சந்து விழவில்லை என்றால் எங்களைக் கூப்பிட வேண்டும். அகலம் வந்த பிறகும் தகட்டைக் கழற்றுவதில்லை; திறந்த மூட்டில் எலும்பு நிறைய மூன்றிலிருந்து ஆறு மாதம் ஆகும்.

3 நவம்பர், திங்கள்

மூக்கு திறந்தது, தாடை விரிந்தது, நாக்கு மட்டும் பழைய இடத்திலேயே கிடக்கிறது. இதற்குத் தமிழ்ப் பிள்ளைகளிடம் ஒரு வசதி உண்டு. “பந்து” என்று சொல்லச் சொல்லுங்கள், நாக்கு நுனி பல்லில் படும். “அன்னம்” என்று சொல்லச் சொல்லுங்கள், பல்லுக்குப் பின்னாலிருக்கும் மேட்டில் படும். சும்மா இருக்கும்போது நாக்கு ‘ன’ இடத்தில் இருக்க வேண்டும், ‘ந’ இடத்தில் அல்ல. உதடு மூடி, பற்கள் இரண்டு மூன்று மி.மீ. விலகி, மூச்சு மூக்கில். காலை பல் விளக்கியதும், பள்ளிப் பேருந்தில், படுக்கும் முன் என்று நாளுக்கு மூன்று தரம், ஒவ்வொரு தரமும் மூன்று நிமிடம். மூக்கு இன்னும் அடைத்திருக்கும் பிள்ளைக்கு இந்தப் பயிற்சியைத் தருவதில்லை.

கழுத்துக் கோணத்தின் மறு அளவு ஆறு மாதம் கழித்து: அதே தரைக் கோடு, அதே இரண்டு மீட்டர், அதே நேரம். மாலை நான்கு மணிக்குப் பள்ளிப் பை சுமந்து வந்த கையோடு எடுத்தால் தோள் தளர்ந்திருக்கும். சனிக்கிழமை காலையில் வரச் சொல்கிறோம். கோணம் கூடியிருந்தால் மூக்குக் குறிப்போடு சேர்த்து எழுதுவோம். கடிப்பு சரியாகி, கோணம் அப்படியே இருந்தால் தகட்டை இன்னும் கொஞ்ச நாள் நீட்டிப் பார்ப்பதில்லை. இயன்முறை மருத்துவருக்குக் கடிதம் கொடுத்து, இரண்டு படங்களையும் உறையில் வைத்து அனுப்புகிறோம்.