அளவுகோலை அளந்த கதை: ஒரு வலையமைப்புச் சோதனைக்களம்

எம்.இ. இறுதியாண்டுத் திட்டத்துக்கு நான் எடுத்துக்கொண்ட கேள்வி பார்ப்பதற்கு எளியது. ஒரே தடத்தை, இணையத்தில் தரவைத் தொலையாமல் கொண்டுசேர்க்கும் டி.சி.பி. நெறிமுறையின் இரண்டு இணைப்புகள் பகிர்ந்துகொள்கின்றன. ஒன்று, தடத்தில் தரவு குவிவதால் ஏற்படும் நெரிசலைக் கியூபிக் முறையில் கையாள்கிறது, இன்னொன்று பி.பி.ஆர். முறையில். யாருக்கு எவ்வளவு பங்கு கிடைக்கும்? கியூபிக் 2006 முதல் லினக்ஸின் இயல்பு முறை. பி.பி.ஆர். 2016இல் கூகுளிலிருந்து வந்து லினக்ஸ் 4.9இன் கர்னலில், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியில், சேர்ந்தது. இரண்டும் கர்னலுக்குள்ளேயே இருப்பதால் ஒரே கட்டளையில் ஒன்றை விட்டு மற்றொன்றுக்கு மாறிக்கொள்ளலாம். ஆனால் கிடைக்கும் எண்ணை நம்பலாமா என்பது வேறு கேள்வி. நம்பத்தக்க எண்ணைத் தரும் களத்தைக் கட்டுவதிலும் அந்தக் களத்தையே சோதிப்பதிலும்தான் திட்டத்தின் பெரும்பகுதி கழிந்தது. அதைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

இந்தத் துறையே ஓர் அளவீட்டில் பிறந்தது என்று சொல்லலாம். 1986 அக்டோபரில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்துக்கும் இடையே வேகம் வினாடிக்கு 32 கிலோபிட்டிலிருந்து 40 பிட்டுக்குச் சரிந்தது. இரண்டு இடங்களுக்கும் நடுவே 400 கஜ தூரம்தான். வேன் ஜேக்கப்சன் அதன் காரணத்தைத் தேடிப் போனார். 1988இல் வெளியான அவருடைய கட்டுரையிலிருந்துதான் இன்றைய நெரிசல் கட்டுப்பாடு கிளைத்தது. அந்தக் கட்டுரையில் பாக்கெட்டுகளை, அதாவது தரவு பிரிந்து பயணிக்கும் சிறு பொதிகளை, நேரவாரியாகப் புள்ளிகளாக வைத்து வரைந்த படங்கள் இருக்கின்றன. திட்டம் தொடங்கிய நாட்களில் அந்தப் படங்களைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

களத்துக்கு மூன்று வழிகள் இருந்தன. என்.எஸ்-3 போன்ற சிமுலேட்டரில் எல்லாமே கணக்கு. எத்தனை முறை ஓட்டினாலும் ஒரே பதில் வரும். ஆனால் அதில் ஓடுவது பெரும்பாலும் நெறிமுறையின் மாதிரி, உண்மையான கர்னல் அல்ல. இரண்டாவது, நிஜக் கணினிகளால் ஆன களம். யூட்டா பல்கலைக்கழகத்தின் எமுலேப், பிரின்ஸ்டனை மையமாகக் கொண்டு 2002இல் தொடங்கி 2020இல் மூடப்பட்ட பிளானட்லேப் ஆகியவை இந்த வகையின் முன்னோடிகள். மூன்றாவது எமுலேஷன்: உண்மையான கர்னல், உண்மையான டி.சி.பி., ஆனால் கம்பிகள் மட்டும் பொய். ஸ்டான்ஃபோர்டில் உருவாகி 2010இல் வெளிவந்த மினிநெட் இந்த வழியைப் பரவலாக்கியது. ஒரு மடிக்கணினிக்குள் ஒரு முழு வலையமைப்பு. எங்கள் ஆய்வகத்தில் ஒதுக்கித் தந்தது ஒரே ஒரு கணினி. கேள்வியும் கர்னலைப் பற்றியது. ஆகவே மூன்றாவது வழியே பொருந்தியது. மினிநெட்டில் பழகியபின், அதற்கு அடியில் இருந்து, ஒரே கணினிக்குள் தனித்தனி வலையமைப்புகளைப் பிரித்துக் காட்டும் லினக்ஸ் நேம்ஸ்பேஸ்களை பைத்தான் நிரல் மூலம் நேரடியாகக் கையாளத் தொடங்கினேன். எந்தக் கட்டளை எப்போது ஓடியது என்பதை ஒளிவுமறைவின்றிப் பார்க்க வேண்டும் என்பதே காரணம்.

அமைப்பு இதுதான், எல்லாம் அந்த ஒரே கணினிக்குள் நேம்ஸ்பேஸ்களாக. இடப்பக்கம் அனுப்பும் இரண்டு கணினிகள், வலப்பக்கம் பெறும் இரண்டு கணினிகள், நடுவே இரண்டு ரூட்டர்கள், ரூட்டர்களுக்கு இடையே ஒரு குறுகிய தடம். வேகத்தைக் கட்டுப்படுத்துவது ஒரு ரூட்டரின் வேலை. தாமதத்தையும் இழப்பையும் செயற்கையாக உண்டாக்கும் லினக்ஸ் கருவியான நெட்எம் கொண்டு தாமதத்தைச் சேர்ப்பது மற்றொன்றின் வேலை. தாமதத்தை அனுப்பும் கணினியிலேயே சேர்த்தால் அமைப்பு எளிதாகிவிடும். ஆனால் நெட்எம் பிடித்து வைத்திருக்கும் பாக்கெட்டுகளை அதே கணினியின் டி.சி.பி. தன் சொந்த வரிசையில் நிற்பவையாகக் கணக்கிட்டு அனுப்புவதைக் குறைத்துக்கொள்ளும். அதைத் தவிர்க்கவே தனி ரூட்டர். இன்னொன்றும் கட்டாயம்: பாக்கெட்டுகளை மூட்டை கட்டும் ஆஃப்லோடு வசதிகளை எல்லா இடைமுகங்களிலும் அணைத்துவிட வேண்டும். அணைக்காவிட்டால் கர்னல் 64 கிலோபைட் வரை ஒரே மூட்டையாக நகர்த்தும். நெட்எம் அதை ஒரு பாக்கெட் என்றே எண்ணும். நாம் 1 சதவீத இழப்பு என்று சொன்னால், விழும்போது நாற்பதுக்கும் மேற்பட்ட பாக்கெட்டுகள் மொத்தமாக விழும். அப்படிப்பட்ட வலையமைப்பு எங்கும் இல்லை.

களம் எழுந்து நின்றதும் உடனே கியூபிக்கையும் பி.பி.ஆரையும் மோத விடத்தான் கை பரபரத்தது. என் வழிகாட்டிப் பேராசிரியை ஒப்பவில்லை. “பதில் தெரியாத கேள்வியைக் கேட்டு அது சொல்லும் பதிலை எப்படிச் சரிபார்ப்பாய்? முதலில் பதில் தெரிந்த கேள்விகளாகக் கேளப்பா” என்றார். அன்றிலிருந்து களத்தின் சோதனைத் தொகுப்பு அப்படித்தான் வளர்ந்தது. ஒவ்வொரு கேள்விக்கும் வர வேண்டிய எண்ணைக் காகிதத்தில் கணக்கிட்டு வைத்துவிட்டுத்தான் ஓட்டுவோம்.

முதல் கேள்வி பிங்: ஒரு சிறு செய்தி போய்த் திரும்ப எவ்வளவு நேரமாகும்? போக 20, வர 20 மில்லிவினாடி தாமதம் வைத்தால் 40க்குச் சற்று மேலே வர வேண்டும். முதல் பிங் 80 காட்டியது, மற்றவை 40. இதில் தவறு எதுவும் இல்லை: எதிர்முனையின் முகவரியை விசாரிக்கும் ஏ.ஆர்.பி. செய்தியும் அதே தாமதத் தடத்தில் போய்த் திரும்புகிறது. ஆனால் அந்த ஒரு 80, உண்மையான அளவீட்டின் முதல் இணைப்பிலும் புகுந்துவிடும். எனவே ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன் தடத்தைப் பழக்கி வைப்பது விதியாயிற்று.

இரண்டாவது கேள்வி வேகம். 10 மெகாபிட் தடத்தில் ஒரே ஒரு டி.சி.பி. இணைப்பு ஓடினால் எவ்வளவு தரவு போய்ச் சேரும்? பாக்கெட் ஒன்று 1,514 பைட். தலைப்புகளைக் கழித்தால் உள்ளே இருக்கும் தரவு 1,448 பைட். ஆக 9.56 மெகாபிட். இதற்குக் குறைந்தால் காரணம் தேட வேண்டும். கூடினால் இன்னும் கவனமாகத் தேட வேண்டும், ஏனென்றால் கூடுவதற்கு வழியே இல்லை. ஐபெர்ஃப்3 கருவியின் அனுப்பும் முனை கூடுதலாகத்தான் காட்டியது. பஃபருக்குள், அதாவது தரவு காத்திருக்கும் நினைவகத்துக்குள், தள்ளிவிட்டதையெல்லாம் அது அனுப்பியதாகவே கணக்கில் எழுதிவிடுகிறது. பெறும் முனையின் கணக்கை எடுத்ததும் 9.56 வந்து நின்றது.

மூன்றாவது கேள்விதான் எனக்குப் பிடித்தது. தடம் 100 மெகாபிட், தாமதம் ஒரு பக்கத்தில் மட்டும் 200 மில்லிவினாடி, இழப்பு பூஜ்யம். அதில் 1,448 பைட் தரவுப் பாக்கெட்டுகளாக 90 மெகாபிட் யு.டி.பி. அனுப்பினால் 90ம் போய்ச் சேர வேண்டும். யு.டி.பி.க்கு நெரிசல் கட்டுப்பாடு கிடையாது; குறைவதற்கு முகாந்திரமே இல்லை. வந்தது 58. மீதம் எங்கே போயிற்று என்று நெட்எம்மின் எண்ணிக்கைகளைக் கேட்டால், கைவிட்ட பாக்கெட்டுகளின் எண் ஏறிக்கொண்டே போகிறது. விஷயம் இதுதான்: நெட்எம் ஒரே நேரத்தில் இயல்பாக 1,000 பாக்கெட்டுகளை மட்டுமே தன்னிடம் வைத்திருக்கும். ஒவ்வொன்றையும் 0.2 வினாடி நிறுத்தி வைக்கிறது என்றால் வினாடிக்கு 5,000 பாக்கெட்டுகளுக்கு மேல் அதைக் கடக்க முடியாது. 5,000 பாக்கெட்டுகளை 1,448 பைட்டாலும் 8 பிட்டாலும் பெருக்கிப் பாருங்கள்: 57.9 மெகாபிட்! காகிதத்தில் அந்தப் பெருக்கல் பொருந்தியபோது கிடைத்த நிம்மதி, பின்னாளில் வரைபடங்கள் எவற்றிலும் கிடைக்கவில்லை. அந்த வரம்பை உயர்த்தியதும் 90ம் வந்தது. இதே களத்தில் நேராகக் கியூபிக்கை ஓட்டியிருந்தால், அது இழப்பைக் கண்டு வேகத்தைக் குறைத்திருக்கும். நீண்ட தாமதத்தில் கியூபிக் தடுமாறுகிறது என்று ஆய்வேட்டில் ஒரு பத்தியும் ஏறியிருக்கும்.

கடினமான சோதனை நான்காவது. கியூபிக்கையும் கியூபிக்கையுமே ஒப்பிடுவது. நிரலுக்கு அவை ‘அ’, ‘ஆ’ என்ற இரண்டு முறைகள். உள்ளே இரண்டும் ஒன்று. களம் நேர்மையானது என்றால் வித்தியாசம் தெரியக்கூடாது. எங்கள் கணினியில் தெரிந்தது. சிறிய கோப்புகளை மாற்றும்போது ‘ஆ’ எப்போதும் சற்றுப் பிந்தியே வேகமெடுத்தது. வரைபடத்தைப் பார்த்த பேராசிரியை, “இரண்டும் ஒன்றுதானே, பிறகு எதற்கப்பா இரண்டு கோடு?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

துப்பு வேறு இடத்திலிருந்து கிடைத்தது. எங்கள் ஆய்வகத்தின் இளைய மாணவர் ஒருவர் அதே நிரலைத் தன் மடிக்கணினியில் ஓட்டிப் பார்த்தார்; அங்கே இரண்டு கோடுகளும் ஒன்றின்மேல் ஒன்று படிந்தன. ஆய்வகக் கணினியில் லினக்ஸின் உபுண்டு 18.04 பதிப்பு, அவரிடம் 22.04. நிரல் மாறவில்லை, கர்னல் மாறியிருக்கிறது. அங்கிருந்து தேடிப் போனதில் அகப்பட்டது டி.சி.பி.யின் நினைவு. ஒரு முகவரியுடன் பேசி முடித்ததும், எந்த வேகத்தில் நெரிசல் தட்டியது என்பதை லினக்ஸ் குறித்து வைத்துக்கொள்கிறது. அதே முகவரிக்கு அடுத்த இணைப்பு தொடங்கும்போது அந்தக் குறிப்பைப் பார்த்து முன்கூட்டியே நிதானமாகிவிடுகிறது. எங்கள் களம் ஒரு வலையமைப்பை எழுப்பி, அதில் முதலில் ‘அ’, அடுத்து ‘ஆ’ என்று ஓட்டிவிட்டுக் கலைத்துவந்தது. ‘அ’ எதுவும் அறியாமல் தொடங்கும். ‘ஆ’ முன்னவரின் அனுபவத்தோடு தொடங்கும். புதிய கர்னல்களில் அந்த நெரிசல் வரம்பைச் சேமிப்பது இயல்பாகவே நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. அதனால்தான் மடிக்கணினியில் தெரியவில்லை. அன்றாடப் பயன்பாட்டில் அந்த நினைவுக்கு நியாயம் உண்டு. ஒப்பீட்டில் அது விஷம்.

தீர்வு வடிவமைப்பையே மாற்றியது. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நேம்ஸ்பேஸ்களைப் புதிதாக எழுப்பி, முடிந்ததும் அடியோடு கலைத்துவிடுகிறோம். நேரம் கூடுதலாகிறது, ஆனால் முந்தைய ஓட்டத்தின் எச்சம் எதுவும் மிஞ்சாது. வரிசையும் இனிக் குலுக்கல்தான். காலை முழுவதும் ‘அ’ முறை, மாலை முழுவதும் ‘ஆ’ முறை என்று ஓட்டினால், நண்பகலில் தானாகத் தொடங்கும் மென்பொருள் புதுப்பிப்போ அறையின் வெப்பமோ ஒரு தரப்புக்கு மட்டும் பாதகமாகிவிடும். குலுக்கலின் தொடக்க எண்ணைப் பதிந்து வைப்பதால் அதே வரிசையை மறுபடியும் ஓட்டவும் முடிகிறது.

இவ்வளவு கவனம் தேவையா என்று கேட்பவர்கள் உண்டு. 2009இல் மிட்கோவிட்ஸும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வு ஒன்று, நிரலுக்குத் துளியும் தொடர்பில்லாத சூழல் மாறிகளின் (பயனர்பெயர் போன்ற, இயங்குதளம் நிரலுக்குக் கொடுக்கும் குறிப்புகளின்) அளவு கூடினாலே அதன் ஓட்டநேரம் மாறக்கூடும் என்று காட்டியது. பயனர்பெயரின் நீளம்கூட அளவீட்டில் கலந்துவிடலாம் என்று பொருள். அதைப் படித்தபின் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு தனிக் கோப்புறை என்று வைத்தேன். கர்னலின் பதிப்பு, அதன் அமைப்பு மதிப்புகள், சூழல் மாறிகள், நிரலின் பதிப்பு எண், வரிசைகளின் எண்ணிக்கைகள், மூலப் பாக்கெட் பதிவு எல்லாம் அதனுள்ளே போகும். வரைபடம் எப்போதும் அந்தக் கோப்புறையிலிருந்தே பிறக்க வேண்டும். கையால் எந்த எண்ணையும் எங்கும் ஒட்டக்கூடாது.

எந்த ஓட்டத்தைத் தள்ளுபடி செய்வது என்ற விதியில் நான் மிகவும் பிடிவாதமாக இருந்தேன். எமுலேஷனில் எல்லாக் கணினிகளும் ஒரே சி.பி.யு.வைப் பங்கிட்டுக்கொள்கின்றன, அது திணறினால் பாக்கெட்டுகள் தாமதமாகும், பழி நெறிமுறையின்மேல் விழும். தன் நம்பகத்தன்மையைத் தானே கண்காணிக்கும் எமுலேட்டர் என்ற யோசனையை மினிநெட்காரர்கள் 2012இலேயே முன்வைத்தார்கள். அதைப் பின்பற்றி, ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் பிங் அளந்து, சி.பி.யு. எவ்வளவு ஓய்வாக இருந்தது என்றும் பார்த்து, வரம்பு மீறினால் அந்த ஓட்டத்தை நிரலே விலக்கிவிடும். யார் எவ்வளவு பங்கு எடுத்தார்கள் என்பது விலக்கும் அந்தப் பகுதிக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. முடிவைப் பார்த்தபின் “இந்த ஓட்டம் சரியில்லை” என்று கைவைக்க ஆரம்பித்தால் நமக்கு வேண்டிய முடிவுதான் மிஞ்சும்.

இத்தனைக்கும் பிறகு பி.பி.ஆரையும் கியூபிக்கையும் சேர்த்து ஓட்டினோம். பங்கீட்டை ராஜ் ஜெயினின் சமத்துவக் குறியீட்டால் அளந்தோம். இரண்டு பேருக்கும் சமமாகக் கிடைத்தால் 1. ஒருவருக்கு 9 பங்கும் மற்றவருக்கு 1 பங்கும் போனால் 0.61. எங்களுக்குக் கிடைத்தது, பி.பி.ஆரின் முதல் பதிப்பைப் பற்றி ஏற்கெனவே வெளிவந்திருந்த ஆய்வுகளோடு ஒத்துப்போனது: ரூட்டரின் பஃபர் சிறியதாக இருந்தால் பி.பி.ஆர். அள்ளிக்கொள்கிறது, மிகப் பெரியதாக இருந்தால் கியூபிக் முந்துகிறது. பஃபரின் அளவைக் குறிப்பிடாமல் இதில் எது நியாயமானது என்று கேட்பதே அர்த்தமற்றது. புதுமை இல்லையே என்று மதிப்பீட்டில் ஒரு கேள்வி வந்தது. ஒற்றைக் கணினியில் புதிதாகக் கட்டிய களம் பிறர் கண்டதையே காட்டுவது அந்தக் களத்துக்கான சான்று என்று பதில் சொன்னேன். இன்றும் அதே கருத்துதான்.

களம் இப்போது இளைய மாணவர்களின் கையில். அவர்கள் டி.சி.பி.க்கு மாற்றாக வந்த குயிக் நெறிமுறையைச் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். அது கர்னலுக்கு வெளியே ஓடுவதால் சி.பி.யு. வரம்புகளை மறுபடியும் நிர்ணயிக்க வேண்டியிருக்கிறது. செல்பேசி வலையமைப்பின் ஏற்ற இறக்கத்தை நெட்எம்மால் மட்டும் உண்டாக்க முடியாது. அதற்கு எம்.ஐ.டி.யில் உருவான மஹிமஹி கருவியை முயல்கிறார்கள். பதிவு செய்து வைத்த தடத்தின் வேகத்தை அப்படியே திரும்ப ஓட்டிக்காட்டும் கருவி அது. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான ஹரி பாலகிருஷ்ணன் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர் என்பதில் எங்கள் பேராசிரியைக்குத் தனி மகிழ்ச்சி. குயிக்குக்கும் பதில் தெரிந்த கேள்விகளின் பட்டியல் தயாராகிவிட்டது. முதல் மூன்றில் தேறியிருக்கிறது. குயிக்கையும் குயிக்கையும் ஒப்பிடும் நான்காவது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.