கெட்டித் தண்ணீரில் கரையாத மாத்திரை

கோத்தகிரியில் மருந்தாளுநராக இருக்கிறேன். பக்கவாதம் வந்து விழுங்கச் சிரமப்படுகிறவர்களுக்குப் பவுடர் கலந்து கெட்டியாக்கிய தண்ணீரைத்தான் கொடுக்கச் சொல்வார்கள். வெறும் தண்ணீர் புரையேறி நுரையீரலுக்குப் போனால் நிமோனியாவில் கொண்டுபோய் விடும். மாத்திரையும் அந்தக் கெட்டித் தண்ணீரோடுதான் உள்ளே போகிறது.

தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்க்கும் ஓர் அம்மா, அப்பாவுக்குப் பிரஷர் மாத்திரை வாங்க வந்தார். "முழுங்க லேசா இருக்கட்டும்னு அரை மணி முன்னாடியே அந்தத் தண்ணில ஊறப் போட்டுர்றேன் சார்" என்றார். இரண்டு கண்ணாடி டம்ளர் எடுத்தேன். ஒன்றில் வெறும் தண்ணீர், மற்றதில் அதே பவுடர் கலந்தது. வெறும் தண்ணீரில் போட்டது சீக்கிரமே ஓரம் உதிர்ந்து மாவாக அடியில் படிந்தது. மற்றதை ஸ்பூனில் அள்ளினால், வழவழப்பான உறைக்குள் மாத்திரை நடுக்கோடுகூட அழியாமல் இருந்தது. அந்த அம்மா அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பவுடரில் இருப்பது பெரும்பாலும் சாந்தன் கோந்து. அது மாத்திரையைச் சுற்றிப் படிந்து, உள்ளே நீர் இறங்க விடாது. நம் செரிமான நொதிகளாலும் அதை உடைக்க முடியாது. மேல்பூச்சு இல்லாத மாத்திரை 15 நிமிடத்தில் உடைய வேண்டும் என்கிறது, மருந்துகளின் தரத்தை வரையறுக்கும் இந்திய மருந்து நூல் (பார்மகோபியா). அந்தச் சோதனை நடப்பது 37 டிகிரி சூட்டிலுள்ள வெறும் தண்ணீரில். ஜப்பானில் இப்படிக் கொடுத்த மக்னீசியம் ஆக்சைடு மாத்திரை மலத்தில் முழுசாகவே வந்திருக்கிறது.

அதற்காகத் தண்ணீரை நீங்களாக இளக்கிவிடாதீர்கள். எவ்வளவு கெட்டி என்பதை விழுங்கு பயிற்சியாளர்தான் சொல்ல வேண்டும். சாதாரண மாத்திரையென்றால், மருந்தாளுநரைக் கேட்டுப் பொடித்து, கொடுக்கும் நேரத்தில் மட்டும் கலக்கலாம். மிகவும் கெட்டியாக இருந்தால் பொடியிலிருந்தும் மருந்து மெதுவாகத்தான் வெளியேறும். மெதுவாகக் கரையும் வகையைப் பொடிக்கவே கூடாது. நாள் முழுக்க இறங்க வேண்டியது ஒரேயடியாக இறங்கிவிடும். சிரப்புக்கு மாறினாலும் அதையும் கெட்டியாக்க வேண்டியிருக்கும். மலச்சிக்கலுக்குத் தரும் மேக்ரோகோல் பவுடரை மாவுச்சத்தால் ஆன கெட்டியாக்கும் பவுடர் போட்ட தண்ணீரில் கலந்தால் நேர்மாறாக நீர்த்துவிடும், புரையேறும். 2021இல் பிரிட்டன் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதை எச்சரித்தது.

எனக்கு உண்மையான பயம் வேறு. பிரஷர் இறங்கவில்லை என்று டாக்டர் அளவைக் கூட்டுவார். பிறகு கெட்டித் தண்ணீர் நின்றதும் கூட்டிய மருந்து முழுசாக வேலை செய்யும், தலைசுற்றி விழுவார். அதனால் அந்த அம்மாவின் சீட்டிலேயே "கெட்டித் தண்ணீரோடு தரப்படுகிறது" என்று எழுதி டாக்டரிடம் காட்டச் சொன்னேன்.