கேதாரத்துக்குப் பொதி கட்டுதல்

கேதாரகௌரி விரதத்தின் நிறைவு நாளில் கையில் காப்புக் கட்டிக்கொள்ளாத சைவ வீடு யாழ்ப்பாணத்தில் அரிது. புரட்டாதி வளர்பிறைத் தசமியில் தொடங்கி ஐப்பசி அமாவாசை வரை 21 நாள்கள் நோற்கும் அந்த விரதத்தின் பெயரிலேயே கேதாரம் இருந்தாலும், அந்தத் தலம் இமயத்தில், மந்தாகினி ஆற்றின் தலைமாட்டில், கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 3,580 மீற்றர் உயரத்தில் இருக்கிறது என்பதை நம்மவர்களில் பலர் யாத்திரைக்குப் பெயர் கொடுத்த பின்னரே சிந்திக்கத் தொடங்குகிறார்கள். திருஞானசம்பந்தரும் சுந்தரரும் இத்தலத்தைக் காளத்தியில் தங்கியிருந்தபடியே பாடினார்கள் என்று பெரியபுராணம் கூறுகிறது. கயிலையைக் கண்ணாற் கண்டே தீர்வதென்று வடக்கு நோக்கி நடந்த அப்பர் சுவாமிகளோ, காலும் கையும் மார்பும் தேய்ந்து, உருண்டும் சென்ற பின்னர், இறைவன் காட்டிய பொய்கையில் மூழ்கித் திருவையாற்றில் எழுந்தார். வடமலைகளை நோக்கிப் போகும் உடம்பு என்ன பாடு படும் என்பதைச் சேக்கிழார் ஒளிக்கவில்லை. ஆகவே பொதி கட்டுவதைப் பக்திக்குப் புறம்பான வேலையாக நான் நினைப்பதில்லை. பற்கள் கிடுகிடுக்கும் வாயில் தேவாரம் வராது.

குளிர் என்று நாங்கள் அறிந்திருப்பது மிகச் சிறிது. மார்கழித் திருவெம்பாவைக் காலத்தில், விடியற்புறம் சங்கும் சேமக்கலமும் ஒலிக்கத் தெருவில் இறங்கும்போது, தலையைச் சுற்றி ஒரு மப்ளர் கட்டிக்கொள்கிறோம்; அந்த வேளையிலும் குடாநாட்டில் வெப்பநிலை 20 பாகைக்குக் கீழே இறங்குவது அபூர்வம். அதற்கு மேல் குளிர் கண்டவர்கள் நுவரெலியாவுக்குச் சென்றவர்களும் சிவனொளிபாதமலை ஏறியவர்களுமே. 2,243 மீற்றர் உயரமான சிவனொளிபாதமலையில் இரவோடிரவாக ஏறி, சூரியோதயம் கண்டு, வெயில் ஏறுமுன் இறங்கிவிடுகிறோம். அந்த நினைப்பில் ஒரு சுவெற்றரும் ஒரு தொப்பியும் போதும் என்று கணக்குப் போடுவோர் எங்கள் குழுவிலும் இருந்தார்கள்.

கேதாரத்தின் நிலைமை வேறு. வாகனம் போகக்கூடிய கடைசி இடமான கௌரிகுண்டம் 2,000 மீற்றருக்குச் சற்றுக் குறைந்த உயரத்தில் இருக்கிறது; அங்கிருந்து 16 கிலோமீற்றர் தூரம் மலைப்பாதையில் ஏற வேண்டும். ஆயிரம் மீற்றர் ஏறினால் வெப்பநிலை ஆறு அல்லது ஏழு பாகை குறையும் என்பது பொதுவான கணக்கு. ஆனால் அந்தக் கணக்குக்குள் அடங்காதது வானம். காலையில் தெளிந்த வெயிலில் சட்டை வியர்வையால் ஒட்டிக்கொள்ளும். நண்பகல் தாண்டியதும் பள்ளத்தாக்கிலிருந்து முகில் ஏறி மழை கொட்டும். சில வேளை அதுவே ஆலங்கட்டியாகும். மாலையில் பூச்சியத்தை நெருங்கும் குளிர் காற்றோடு வரும். வைகாசியிலும் பனி பொழிவதுண்டு. ஈர உடம்போடு அந்தக் காற்றில் நிற்பதுதான் ஆபத்து, வெறுங்குளிர் அவ்வளவு கெடுதல் செய்வதில்லை. ஆகையால் நனையாமல் இருப்பதற்கும், நனைந்தால் மாற்றுவதற்கும் உரியவை எவையோ அவற்றையே முதலில் பொதியில் வைக்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருந்தேன்.

புலம்பெயர்ந்த உறவினர் இல்லாத குடும்பம் எங்கள் ஊரில் இல்லை என்பதால், யாத்திரைச் செய்தி பரவியதும் ரொறன்ரோவிலிருந்தும் ஒஸ்லோவிலிருந்தும் தடித்த ஜக்கெற்றுகள் வந்து சேர்ந்தன. அன்பாக அனுப்பப்பட்டவைதான். என்றாலும், சூடேற்றிய வீட்டிலிருந்து சூடேற்றிய காருக்குப் போகிறவர்களுக்காகத் தைத்த அந்த உடுப்பை அணிந்து கல்லும் படியுமான பாதையில் ஏறினால், அரை மணி நேரத்தில் உள்ளே மழை பெய்ததுபோல் வியர்த்துவிடும். அவற்றிற் சில பறவையின் மென்னிறகு அடைத்தவை. இறகு நனைந்தால் ஒன்றோடொன்று ஒட்டிச் சுருங்கிவிடும். இடையில் காற்றைப் பிடித்து வைக்காது. பிறகு அந்த ஜக்கெற் வெறும் பாரம். எங்களோடு வந்த மாமி ஒருவர் கேட்டது இன்னொரு கேள்வி.

“தம்பி, இதுக்குள்ள இருக்கிறது வாத்திறகோ? அப்பிடியெண்டால் நான் இதைப் போட்டுக்கொண்டு கோயிலுக்குள்ள போகமாட்டன்.”

நியாயமான கேள்வி என்றே எனக்குப் பட்டது. தோற்பட்டியும் தோற்கையுறையும் வேண்டாம் என்று முன்பே பேசியிருந்தோம். இறகைப் பற்றி ஒருவரும் நினைக்கவில்லை. ஆட்டுக்கு உயிர்ச்சேதம் இல்லாமல் கத்தரிக்கப்படும் கம்பளிக்கு அந்தத் தடை கிடையாது. பட்டுக்கும் கம்பளிக்கும் தீட்டில்லை என்று எங்கள் பெரியவர்கள் சொல்லியும் வந்திருக்கிறார்கள். ஆசாரம் அனுமதிக்கும் அதே கம்பளியே மலைக்கும் பொருந்தியது எங்கள் நல்ல காலம்: கம்பளி இழை ஈரத்தைத் தனக்குள் வாங்கிக்கொண்ட பிறகும் ஓரளவு சூட்டைக் காக்கும். பருத்தி அப்படியன்று. வியர்த்த பருத்தி பனியன் உடம்போடு ஒட்டி, நடை நின்றதும் உள்ள சூட்டையெல்லாம் உறிஞ்சிவிடும்.

எனவே உடம்போடு ஒட்டி இருப்பதற்கு விரைவில் உலரும் செயற்கை இழை உள்ளுடுப்பு, அதன்மேல் மெல்லிய கம்பளிச் சுவெற்றர், எல்லாவற்றுக்கும் மேலே காற்றும் நீரும் புகாத மழைச்சட்டை என்று அடுக்கடுக்காக அணிவதென முடிவு செய்தோம். ஏறும்போது ஒன்றைக் கழற்றலாம், நின்றதும் போட்டுக்கொள்ளலாம். பெண்கள் சேலையோடு ஏறுவது பற்றிச் சிறிய வாக்குவாதம் நடந்தது. சேலையின் கரை மழைநீரை உறிஞ்சி முழங்கால் வரை ஏற்றிவிடும் என்பதால், மலையில் சல்வாரும், சந்நிதிக்கென்று பொலித்தீனில் சுற்றிய ஒரு சேலையும் என்று ஏற்பாடாயிற்று. சப்பாத்துப் புதிதாக இருக்கக் கூடாது. ஊரிலேயே சில வாரங்கள் போட்டுப் பழகி, காலோடு இசைந்ததாக, அடிப்பகுதி வழுக்காததாக இருக்க வேண்டும். மேடு என்று சொல்ல ஒன்றில்லாத குடாநாட்டில் ஏறிப் பழக இடம் ஏது என்று கேட்டவர்களைத் தம் வீட்டு மாடிப்படியில் ஏறி இறங்கச் சொன்னோம். சிலர் உண்மையிலேயே செய்தார்கள்.

எடை இன்னொரு சிக்கல். பலாலியிலிருந்து சென்னைக்குப் போகும் விமானத்திலும் பொதிக்கு அளவு உண்டு. உலங்குவானூர்தியில் கேதாரத்துக்குப் பறப்பவர்களுக்கோ ஓரிரு கிலோவுக்கு மேல் அனுமதியே இல்லை. நடந்து ஏறுகிறவருக்குத் தோளே தராசு. பெரிய பையைக் கீழே குப்தகாசியில் தங்கிய இடத்தில் விட்டுவிட்டு, மேலே ஓர் இரவுக்கு வேண்டியவற்றை மட்டும் சிறிய முதுகுப்பையில் எடுத்துக்கொள்வதென்று ஊரிலேயே பிரித்துக் கட்டியது பெரிதும் உதவிற்று. கடவுச்சீட்டும் விசாப் பிரதியும் யாத்திரைப் பதிவுத் தாளும் இருமடிப் பொலித்தீனில். பதிவைச் சோன்பிரயாகில் பார்த்த பின்னரே அப்பால் விடுகிறார்கள்.

உணவு விடயத்தில் நம்மவர்களைத் திருத்த முடியாது, திருத்தவும் தேவையில்லை. பருத்தித்துறை வடை நாட்பட இருந்தாலும் கெடாது. பனங்கட்டித் துண்டு ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டு ஏறினால் களைப்புத் தெரியாது. புழுக்கொடியல் கொண்டு வந்தவர் மட்டும் குளிரில் அதைக் கடிக்கப் பட்ட பாட்டைப் பார்த்துக் குதிரைக்காரப் பையனே சிரித்தான். மல்லியையும் வேர்க்கொம்பையும் இடித்து ஒரு பொட்டலமாகக் கட்டி வந்த மாமிக்கு, லிஞ்சோலிக்கு அருகிலிருந்த தேநீர்க் கடைக்காரர் கொதிநீர் தந்தார். அன்றைக்கு எல்லோரும் அவருக்குக் கடன்பட்டோம். மருந்துப் பையில் பனடோல், சித்தாலேப, வயிற்றோட்டத்துக்கானவை, அவரவர் அன்றாடம் எடுக்கும் குளிசைகள் ஆகியவை இருந்தன. கோயிலடியில் காற்றிலுள்ள ஒட்சிசன் கடலோரத்தில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்களவே என்பதால், இருதய நோயும் மூச்சு நோயும் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் பெயர் கொடுக்கவே கூடாது என்பது என் கருத்து. மேலே தலையிடியும் ஓங்காளமும் கூடினால் அதற்குப் பொதியில் மருந்து தேடிக்கொண்டிருக்காமல் கீழே இறங்க வேண்டும்.

அடுக்குகளின் பயன் மலைக்கு முன்பே தெரிந்துவிட்டது. வைகாசி வெயிலில் ரிஷிகேசம் யாழ்ப்பாணத்தைவிட மோசமாகச் சுட்டது. ஜக்கெற்றை மடியில் வைத்துக்கொண்டு வாகனத்தில் இருந்தவர்கள் எங்களைப் பார்த்துப் புன்னகை செய்தார்கள். தேவபிரயாகையில் பாகீரதியும் அளகநந்தாவும் கூடிக் கங்கையாவதையும், உருத்திரபிரயாகையில் மந்தாகினி அளகநந்தாவோடு சேர்வதையும் கண்டு, மந்தாகினிக் கரையோடு திரும்பினோம். கௌரிகுண்டத்தில் இறங்கியபோது என் மணிக்கட்டில் போன வருடத்துக் காப்பு நூல் இன்னும் இருந்தது. உமையம்மை தவமிருந்த இடம் இதுவே என்று அங்குள்ளவர்கள் சொல்கிறார்கள். சம்பந்தர் பாடிய அநேகதங்காவதம் இதுவே எனக் கொள்வோரும் உளர். விரதக் கதையில் கேட்ட பெயர் கடைப் பலகையில் எழுதியிருந்ததைப் பார்த்துச் சிலர் கண்கலங்கினார்கள்.

2013 ஆனியில் வந்த பெருவெள்ளத்தில் ராம்பாரா என்ற தங்குமிடம் முழுவதுமாக அடித்துச் செல்லப்பட்டது. இப்போது அங்கே பாலத்தால் ஆற்றைக் கடந்து மறுகரையில் புதிய பாதை ஏறுகிறது. அந்தப் பாலத்தைத் தாண்டிச் சிறிது நேரத்தில் எதிர்மலை மறைந்தது. மழைச்சட்டையைப் பையின் மேல்மடிப்பில் வைத்தவர்கள் நின்ற நிலையிலேயே அதை அணிந்துகொண்டார்கள். அடியில் வைத்திருந்த ஓர் அண்ணை, கொட்டும் மழையில் பையைத் திறந்து, சுவெற்றர், துவாய், மேஸ், வேட்டி என ஒவ்வொன்றாக வெளியே இழுத்து, கடைசியில் மழைச்சட்டையை எடுத்தபோது நனையாமல் இருந்தது அது ஒன்றுதான்! பின்னர் ஆலங்கட்டி விழத் தொடங்கியது. பாதையில் குதிரைச் சாணமும் சேறும் நீரும் ஒன்றாக ஓடின. கௌரிகுண்டத்தில் வாங்கிய மூங்கில் தடி இல்லாவிட்டால் பலர் விழுந்திருப்பார்கள். கம்பளிக் கையுறை தடியைப் பிடித்துப் பிடித்தே தோய்ந்துவிடுகிறது. அதன்மேல் போட மெல்லிய றபர்க் கையுறை கொண்டு வந்த ஒருவரைத் தவிர எல்லோருக்கும் விரல் மரத்தது.

மாலை ஆரத்தியை நனைந்த கோலத்தில், தூரத்தில் நின்று கண்டோம். தங்கிய அறையில் ஈர உடுப்பைக் காய வைக்க வழியில்லை. ஈர மேஸைப் பிழிந்து, வயிற்றோடு அணைத்துப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு படுத்தால் விடியும்போது ஓரளவு உலர்ந்திருக்கும் என்று குதிரைக்காரர் ஒருவர் சொல்லித் தந்தார், அது பலித்தது. கைத்தொலைபேசியையும் பவர் பாங்கையும் அப்படியே அணைத்துக்கொண்டோம். குளிரில் பற்றரி விரைவில் இறங்கிவிடும்.

விடியற்காலையில் வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. கோயிலின் பின்னால் பனிமலை முழுவதும் வெளிப்பட்டது. திறந்த வெளியில் வரிசை நீண்டிருந்தது. அந்தக் காத்திருப்புக்காகவே ஒரு சோடி உலர்ந்த மேஸைத் தனியே பொலித்தீனில் கட்டி வைக்கச் சொல்லியிருந்தோம். கல்தரையில் சப்பாத்தில்லாமல் நின்றபோது அதன் அருமை எல்லோருக்கும் விளங்கிற்று. எங்களோடு வந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், நல்லூரில் மேற்சட்டையோடு உள்ளே போகாதவன் கேதாரத்தில் மட்டும் ஜக்கெற்றோடு போவதா என்று ஊரிலேயே கேட்டிருந்தார். அங்கே அப்படி ஒரு விதி இல்லை. ஆனால் அவருக்கு மனம் ஒப்பவில்லை. வாசலை அணுகியதும் ஜக்கெற்றையும் சுவெற்றரையும் கழற்றி என்னிடம் தந்துவிட்டு, வெறும் மேனியில் நீளமான கம்பளிச் சால்வையைப் போர்த்துக்கொண்டார். சம்புடத்தைத் திறந்து, போத்தலில் இருந்த நீரை உள்ளங்கையில் விட்டுத் திருநீற்றைக் குழைத்தபோது அவர் முகம் சுளித்தது. நீர் அவ்வளவு குளிர். நெற்றியில் மூன்று குறிகளும் பிசகாமல் விழுந்தன.

கருவறையில் இலிங்கம் செதுக்கிய வடிவில் இல்லை. முக்கோணச் சாயலில் எழுந்த பாறை. நெய்யின் மணமும் விளக்கின் சூடும் முகத்தில் அடித்தன. வரிசை தள்ளிக்கொண்டே இருந்ததால் நிற்கக் கிடைத்தது சொற்ப நேரம். ஆசிரியர் சுந்தரரின் கேதாரப் பதிகத்தில் ஒரு பாடலை முழுமையாகப் பாடி முடித்தார், குரல் நடுங்கவில்லை. வெளியே வந்ததும் சுவெற்றரைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

இறங்கும்போது வெயில். ஊருக்குத் திரும்பிய பிறகு, கம்பளி உடுப்பெல்லாம் துவைத்து உலர்த்தி, வேப்பிலையோடு ஒரு பெரிய பையில் கட்டப்பட்டிருக்கின்றன, எங்கள் வெக்கையில் அவற்றை வேறு எதற்கும் அணிய முடியாது. அடுத்த வருடம் போகும் குழுவில் இருவர் ஏற்கெனவே வந்து அளவு பார்த்துவிட்டார்கள். சப்பாத்தைத் தவிர மற்றவை எல்லாம் இரவல் தரலாம். மழைச்சட்டைகளில் இரண்டு கிழிந்துவிட்டதால் அவற்றை மட்டும் புதிதாக வாங்கச் சொல்லியிருக்கிறேன். கனடா ஜக்கெற்றுகளைக் கேட்பார் இல்லை.