உரிமத்துக்குப் பதில் ஓர் ஆசி

எஸ்க்யூலைட் (SQLite) என்ற தரவுத்தளத்தின் மூலக் கோப்புகளில் ஒன்றைத் திறந்து பாருங்கள். பதிப்புரிமை அறிவிப்பு இருக்கவேண்டிய இடத்தில், இந்த நிரலின் மீதுள்ள பதிப்புரிமையை ஆசிரியர் துறக்கிறார் என்று ஒரு வரி இருக்கும். அதன் கீழே மூன்று வரியில் ஓர் ஆசி: நன்மை செய்வாயாக, தீமை செய்யாதிருப்பாயாக, உனக்கு மன்னிப்புக் கிடைக்கட்டும், நீயும் பிறரை மன்னிப்பாயாக, தாராளமாகப் பகிர்வாயாக, கொடுப்பதற்கு மேல் எடுக்காதிருப்பாயாக. ஆண்ட்ராய்டு, ஐபோன், குரோம், ஃபயர்பாக்ஸ் எல்லாவற்றுக்குள்ளும் இருக்கும் தரவுத்தளத்துக்கு உரிமம் என்று ஒன்று கிடையாது. இந்த ஆசிதான்.

நிரல், இறைநம்பிக்கை, அரசின் கட்டாயத்தைவிடத் தனிமனித சுதந்திரத்தை முன்வைக்கும் லிபர்டேரியன் சிந்தனை என்ற என் மூன்று பித்துகளும் இதைப்போல ஒரே இடத்தில் கூடும் திட்டம் வேறொன்றை நான் அறியேன். இதை எழுதிய ரிச்சர்ட் ஹிப் தன்னை லிபர்டேரியன் என்று சொல்லிக்கொள்கிறார் என்பதல்ல என் வாதம். அவர் எடுத்த முடிவுகளை அந்தக் கண்ணாடி வழியாகப் படிக்கிறேன், அவ்வளவுதான்.

பிறந்த கதை சுருக்கமானது. ஜெனரல் டைனமிக்ஸ் வழியாக அமெரிக்கக் கடற்படையின் ஏவுகணைக் கப்பல் ஒன்றுக்கு மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தார் ஹிப். அதற்குப் பின்னால் இன்ஃபார்மிக்ஸ் என்ற தரவுத்தள சர்வர் ஓடியது. சர்வர் படுத்தால் இவர் நிரலும் படுத்துவிடும். சர்வரே இல்லாமல், வட்டில் உள்ள கோப்பை நிரலே நேரடியாகப் படித்தால் என்ன என்ற கேள்வியிலிருந்து 2000 ஆகஸ்டில் முதல் பதிப்பு வந்தது. யாரையும் சார்ந்திராத தன்மை அதன் கருவிலேயே இருக்கிறது. கட்டளைகளைப் பகுத்துப் படிக்கும் பார்சரை உருவாக்க லெமன், பதிப்பு மேலாண்மைக்கு ஃபாசில் எனத் தேவையான கருவிகளையும் அவர்களே எழுதிக்கொண்டார்கள்.

அறிவுசார் சொத்து என்று வந்தாலே லிபர்டேரியன்களுக்குள் அடிதடிதான். 1855-லேயே லைசாண்டர் ஸ்பூனர், சிந்தனையும் நிலம் போன்ற சொத்துதான், அந்த உரிமைக்குக் காலக்கெடுவே கூடாது என்றார். பெஞ்சமின் டக்கர் அதே உரிமையை அரசு தரும் ஏகபோகங்களில் ஒன்றாகப் பட்டியலிட்டார். அய்ன் ராண்ட் காப்புரிமைக்கும் பதிப்புரிமைக்கும் வக்காலத்து வாங்கினார். மர்ரி ராத்பார்ட், ஒப்பந்தத்தின் வழியே வரும் பதிப்புரிமை சரி, காப்புரிமை கூடாது என்று நடுவே நின்றார். தானே காப்புரிமை வழக்கறிஞரான ஸ்டீபன் கின்செல்லா இரண்டையுமே மறுக்கிறார். சொத்துரிமை என்பதே பற்றாக்குறையால் வருவது. உன் மாட்டை நான் ஓட்டிக்கொண்டு போனால் உன்னிடம் மாடு இல்லை, உன் கோப்பை நான் நகலெடுத்தால் உன் கோப்பு உன்னிடமே இருக்கிறது என்பது அவர் வாதத்தின் சாரம். நான் கின்செல்லா பக்கம்.

அந்தப் பக்கம் நின்று பார்த்தால் லினக்ஸ் போன்றவை பயன்படுத்தும் ஜிபிஎல் உரிமம் ஒரு விசித்திரப் பிறவி. பகிர்வைக் கட்டாயமாக்க அது பதிப்புரிமைச் சட்டத்தைத்தான் கையில் எடுக்கிறது, மீறினால் நீதிமன்றம். பிஸிபாக்ஸ் என்ற லினக்ஸ் கருவித்தொகுப்பின் நிரலாளர்கள் 2007 முதல் அமெரிக்காவில் தொடுத்த வழக்குகள் இதற்கு உதாரணம். எம்ஐடி உரிமம்கூடத் தன் அறிவிப்பை அழிக்காதே என்று ஒரு நிபந்தனை வைக்கிறது. யாருக்கும் பதிப்புரிமை இல்லாத பப்ளிக் டொமைன் எதையும் கேட்பதில்லை. தமிழ்நாட்டில் நமக்குப் பழகிய வழி நாட்டுடைமை: 1949-இல் பாரதியின் எழுத்துகளுக்கு நடந்ததுபோல, உரிமையை அரசு வாங்கி எல்லாருக்கும் திறந்துவிடும். எஸ்க்யூலைட்டில் ஆசிரியரே திறந்துவிட்டார். யார் கருவூலமும் தேவைப்படவில்லை.

சொல்வதற்கு எளிது, செய்வதில் சிக்கல் உண்டு. ஜெர்மனி போன்ற நாடுகளில் ஆசிரியர் தன் உரிமையை முழுதாகத் துறக்கவே முடியாது. அதனால் தயங்கும் நிறுவனங்களுக்கென்றே ஹிப்பின் நிறுவனமான ஹ்வாசி ஓர் உரிமைச் சான்றை விலைக்கு விற்கிறது. இலவசமாகக் கிடைப்பதற்கு ஒரு தாள் வேண்டும் என்று காசு கொடுக்கிறார்கள். வெளியாளின் ஒரு பேட்ச், அதாவது திருத்த நிரல், உள்ளே வந்து, அதற்குப் பதிப்புரிமை இருந்துவிட்டால் முழு நிரலும் கறைபட்டுவிடும். ஆகவே பங்களிப்போர் தம் உரிமையைத் துறந்து கையெழுத்திட்ட மூலத் தாள்கள் தீப்பிடிக்காத பெட்டகத்தில் இருக்கின்றன. திறந்த மூலம்தான், ஆனால் திறந்த பங்களிப்பு இல்லை.

இந்தியாவில் உங்கள் நிரலை இப்படி விடுவிக்க நினைத்தால் முதலில் பார்க்கவேண்டியது வேலை ஒப்பந்தம். பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவுப்படி, வேறு ஏற்பாடு இல்லாவிட்டால் வேலையின் பகுதியாக எழுதியது முதலாளிக்குச் சொந்தம். உங்களிடம் இல்லாததை நீங்கள் துறக்க முடியாது. உரிமை உங்களுடையதுதான் என்றால் 21-ஆவது பிரிவு வழி தருகிறது: பதிப்புரிமைப் பதிவாளருக்கு அறிவிப்புக் கொடுக்கலாம், அல்லது 2012 திருத்தத்துக்குப் பிறகு பொது அறிவிப்பே போதும். 57-ஆவது பிரிவின் தார்மீக உரிமை தனிக்கணக்கு. பதிப்புரிமையோடு சேர்ந்து அது போய்விடுவதில்லை.

வெளிநாட்டிலும் செல்லுபடியாக வேண்டுமானால் துறப்பு வாசகத்தோடு ஒரு மாற்று உரிமமும் சேர்ந்திருக்க வேண்டும். கிரியேட்டிவ் காமன்ஸின் துறப்பு ஆவணமான சிசி-ஜீரோவில் அது இருக்கிறது, ஆனால் காப்புரிமைகளைத் தரவில்லை என்று அதே ஆவணம் வெளிப்படையாகச் சொல்கிறது. அந்த வரிக்காகத்தான் லினக்ஸ் திட்டமான ஃபெடோரா 2022-இல் நிரலுக்கு அதை ஏற்பதை நிறுத்தியது. சிறு நிரல்களுக்கு ஜீரோ-கிளாஸ் பிஎஸ்டி (0BSD) உரிமம் நடைமுறையில் தொல்லை குறைந்தது: பதிப்புரிமை பெயரளவில் இருக்கும், நிபந்தனை ஒன்றும் இராது.

இனி இறைநம்பிக்கை. 2018 அக்டோபரில் இணையத்தில் பெரும் கூச்சல் எழுந்தது. எஸ்க்யூலைட் திட்டத்தின் நடத்தை விதியாக இருந்தது புனித பெனடிக்டின் துறவற ஒழுங்கின் 4-ஆவது அதிகாரம்! ஆறாம் நூற்றாண்டில் துறவிகளுக்கு எழுதப்பட்ட 72 கட்டளைகள். கடவுளை முழு இதயத்தோடு நேசி என்று தொடங்கி, முணுமுணுக்காதே, சோம்பியிராதே, சாவை நாள்தோறும் கண்முன் வை என்று போகும். பின்னணி வேடிக்கையானது. வாடிக்கையாளர் நிறுவனங்களின் சப்ளையர் படிவத்தில் நடத்தை விதி என்று ஒரு கட்டம் இருந்தது. அதை நிரப்ப ஏதாவது வேண்டியிருந்தது. சர்ச்சைக்குப் பின் அதற்கு நெறிமுறை என்று பெயர் மாறியது. பலர் படிக்காமல் விட்டது அதன் முன்னுரையை: இதை நாங்கள் ஏற்றிருக்கிறோம், வேறு யாரும் பின்பற்ற வேண்டியதில்லை, தெரிந்துவைத்திருக்க வேண்டியதில்லை, நல்லது என்று நினைக்கவும் வேண்டியதில்லை.

எனக்கு இந்தத் திட்டத்தில் பிடித்ததே இதுதான். பயன்படுத்துகிறவனுக்கு ஒரு கட்டுப்பாடும் இல்லை. கட்டுப்பாடு முழுவதும் கொடுக்கிறவன் தன்மேல் போட்டுக்கொண்டது. பெனடிக்டின் 31-ஆவது அதிகாரம், மடத்தின் பண்டகக் காப்பாளர் எல்லாப் பாத்திரங்களையும் பலிபீடத்துப் பாத்திரங்களாகக் கருத வேண்டும் என்கிறது. 57-ஆவது அதிகாரம் கைவினைஞர்களைப் பற்றியது: தன் திறமையில் செருக்குக் கொண்டால் அவனை அந்த வேலையிலிருந்து எடுத்துவிட வேண்டும், பொருளை வெளியே விற்பதைவிடச் சற்றுக் குறைத்து விற்க வேண்டும். நம் ஊர் கோட் ரிவியூக்களில் முதல் பாதியை அமல்படுத்தினால் பல அணிகளில் ஆளே மிஞ்சமாட்டார்கள்.

அந்தக் கட்டுப்பாடு நிரலில் எப்படித் தெரிகிறது? சோதனைகளில். 3.42 பதிப்பின் கணக்குப்படி மூலநிரல் சுமார் 1,55,800 வரிகள். சோதனை நிரல் அதைப்போல் 590 மடங்கு. விமான மென்பொருளுக்கான டிஓ-178பி நெறியைப் பின்பற்றி, ஒவ்வொரு கிளையும் நிபந்தனையும் இரு பக்கமும் சோதிக்கப்படுகிறது. நினைவகப் பற்றாக்குறைச் சோதனையை நீங்களும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். மெமரி ஒதுக்கும் செயல்கூற்றை, முதல் அழைப்பில் தோல்வியடையும்படி மாற்றி ஓட்டுங்கள். அடுத்து இரண்டாவது அழைப்பில், பிறகு மூன்றாவதில் என்று, தோல்வியே நிகழாமல் வேலை முடியும்வரை சுற்றுங்கள். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் கசிவு இருக்கிறதா, கோப்பு கெட்டிருக்கிறதா என்று பாருங்கள். முழுவதையும் இரண்டு முறை செய்ய வேண்டும்: ஒருமுறை அந்த ஓர் அழைப்பு மட்டும் தோற்க, இன்னொருமுறை அதற்குப் பின் வரும் எல்லாமே தோற்க. இந்தச் சோதனைத் தொகுப்புகளில் டிஎச்3 என்பது பப்ளிக் டொமைன் இல்லை; அது தனியுடைமை. துறவிகளுக்கும் சாப்பாடு வேண்டும்.

துறவிகள் எடுக்கும் வாக்குறுதிகளில் ஒன்று நிலைத்திருத்தல். 2004-இல் வந்த மூன்றாம் பதிப்பின் கோப்பை இன்றைய நிரல் திறக்கும். 2050 வரை ஆதரவு தருவதே நோக்கம் என்று அறிவித்திருக்கிறார்கள். இதற்கு ஒரு விலை உண்டு: பழைய பிழைகளும் நிலைத்திருக்கும். ஒவ்வொரு வரிசையையும் அடையாளம் காட்டும் பிரைமரி கீ முழு எண்ணாக இல்லாவிட்டால், அதில் நல் (NULL) என்ற வெற்று மதிப்பு நுழையும். இரட்டை மேற்கோளுக்குள் நெடுவரிசைப் பெயரைத் தப்பாக எழுதினால் பிழை வராமல் அது வெறும் சரமாக எடுத்துக்கொள்ளப்படலாம். முழு எண் நெடுவரிசையில் எழுத்தைப் போட்டாலும் வாங்கிக்கொள்ளும், வர்சார் 20 என்று 20 எழுத்து வரம்பு வைத்தாலும் 200 எழுத்தும் போகும். உரிமத்தில்தான் நான் லிபர்டேரியன், டேபிளில் இல்லை: 3.37 முதல் உள்ள ஸ்ட்ரிக்ட் என்ற சொல்லை டேபிள் உருவாக்கும் கட்டளையின் கடைசியில் சேர்த்துவிடுங்கள். வகைகள் இறுகும், நீளம் மட்டும் அப்போதும் இறுகாது, அதற்கு செக் நிபந்தனை எழுத வேண்டும்.

ஒரு டேபிள் சுட்டும் வரிசை இன்னொரு டேபிளில் உண்மையில் இருக்கிறதா என்று பார்க்கும் ஃபாரின் கீ சரிபார்ப்பும் இயல்பாக அணைந்தே இருக்கும். ஒவ்வொரு கனெக்‌ஷனிலும் பிராக்மா என்ற அமைப்புக் கட்டளை கொடுத்துத் திறக்க வேண்டும், அதுவும் முழுதாக நடக்கும் அல்லது முழுதாக ரத்தாகும் வேலைத்தொகுதியான டிரான்சாக்‌ஷன் தொடங்கும் முன். உள்ளே கொடுத்தால் பிழையும் வராது, வேலையும் நடக்காது.

அடிக்கடி கேட்கும் புலம்பல், டேட்டாபேஸ் பூட்டியிருக்கிறது என்ற பிழை. காத்திருக்கும் நேரம் இயல்பாகப் பூஜ்யம் என்பதால் பிஸி டைம்அவுட்டை 5000 மில்லிநொடி என்று வையுங்கள். பிறகும் வந்தால் காரணம் வேறு. டிரான்சாக்‌ஷனைச் சாதாரணமாகத் தொடங்கி, முதலில் படித்து, பின்பு எழுதப் போகிறீர்கள். அதற்குள் இன்னொருவர் எழுதிவிட்டார். மாற்றங்களை முதலில் ஒரு தனிப் பதிவுக் கோப்பில் எழுதும் வால் (WAL) முறையில் உங்கள் பார்வை பழசாகிவிட்டதால் எவ்வளவு காத்திருந்தும் பயனில்லை, உடனே பிழைதான். எழுதப்போகும் டிரான்சாக்‌ஷனை பிகின் இமீடியட் என்று தொடங்கினால் இது தீரும்.

வால் முறை கோப்பிலேயே பதிந்துவிடும், ஒருமுறை கொடுத்தால் போதும். ஆனால் பகிர்ந்த மெமரி தேவைப்படுவதால் நெட்வொர்க் டிரைவில் அதை நம்பவே கூடாது. ஓடிக்கொண்டிருக்கும்போது முதன்மைக் கோப்பை மட்டும் நகலெடுத்தால், பக்கத்தில் உள்ள வால் கோப்பில் இருக்கும் புதிய பதிவுகள் நகலில் வராது. பாதியில் எழுத்து நடந்தால் நகலே கெட்டுப்போகலாம். பேக்அப்புக்கு வேக்யூம் இன்டூ கட்டளை போதும், பிறகு அந்த நகலின் மீது இன்டெக்ரிட்டி செக் ஓட்டுங்கள். வால் கோப்பு ஜிகாபைட் கணக்கில் வீங்கினால் யாரோ ஒரு ரீட் டிரான்சாக்‌ஷனைத் திறந்து வைத்துவிட்டு மூடவில்லை என்று அர்த்தம். வால் கோப்பில் உள்ளதை முதன்மைக் கோப்புக்கு மாற்றும், 1000 பக்கத்துக்கு ஒருமுறை நடக்கும் செக்பாயின்ட் அவரைத் தாண்டிப் போக முடியாது.

தமிழுக்கு வந்தால் மூன்று பொறிகள். ஒன்று, கொ என்ற எழுத்தை ஒற்றைக் குறியாகவும் பதியலாம், கொம்பும் காலும் தனித்தனியாக இரண்டு குறிகளாகவும் பதியலாம். கண்ணுக்கு ஒன்றுதான், எஸ்க்யூலைட் சமன் பார்க்கும்போது இரண்டும் வேறு. உள்ளே போடும் முன்பே, இவற்றை ஒற்றைக் குறியாக்கும் என்எஃப்சி (NFC) என்ற யூனிகோடு வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். இரண்டு, வரிசைப்படுத்தல் யூனிகோடு எண்ணின்படி நடக்கும். ன என்பது ந-வை ஒட்டியே வந்துவிடும், ழ என்பது வ-வுக்கு முன்னால் நிற்கும், க் என்பது கௌ-வுக்குப் பின்னால் போகும். சொந்தமாக ஒரு கொலேஷன், அதாவது வரிசை விதி, எழுதலாம்தான். ஆனால் அதை வைத்து இன்டெக்ஸ் போட்டால், அந்தக் கொலேஷன் இல்லாத வேறு கருவியில் அந்த டேபிளைத் தொடும்போது பிழை வரும். அகராதி வரிசைக்கு ஒரு தனி நெடுவரிசையில் சாவி கணக்கிட்டு வைப்பது நிம்மதி.

மூன்றாவது, எஃப்டிஎஸ்5 (FTS5) என்ற முழு உரைத் தேடல். உரையைச் சொற்களாகப் பிரிக்கும் அதன் இயல்பான டோக்கனைசர் எழுத்து வகையையும் எண் வகையையும் சொல்லின் பகுதியாக எடுக்கிறது. நம் உயிர்க்குறிகளும் புள்ளியும் யூனிகோடில் மார்க் என்ற வகை, அதனால் சொல் அந்த இடத்தில் உடைந்துவிடும். டேபிளை உருவாக்கும்போதே கேட்டகரீஸ் அமைப்பில் மார்க் வகை முழுவதையும் சேர்க்க வேண்டும். ஏற்கெனவே உருவாக்கியதில் ரீபில்ட் கொடுத்துப் பயனில்லை, புதிதாக உருவாக்கித் தரவை மாற்ற வேண்டும். இந்த இயல்பையே மாற்றிப் பேட்ச்சாக அனுப்பினால் அது உள்ளே போகாது. மேலே சொன்ன பெட்டக விவகாரம். உங்கள் பிரதியில் மாற்றி, தொகுத்து, வேறு பெயரில் விற்கக்கூடச் செய்யலாம். யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.